ஓசிடிக்கு மருத்துவர் தேடுவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் தம்பிக்குப் பாலக்கோட்டுப் பக்கம் தக்காளித் தோட்டம். மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில் பதினொரு மணிக்கு மோட்டாரை நிறுத்திவிட்டு வருவான். வாசலில் செருப்பைக் கழற்றுவான், உடனே மாட்டிக்கொண்டு திரும்பவும் மோட்டார் கொட்டாய்க்குப் போவான். ஸ்டார்ட்டரில் டார்ச் அடித்துப் பார்ப்பான், தொட்டுப் பார்ப்பான், வருவான், மறுபடி போவான். ஓர் இரவு பதினான்கு முறை போய்வந்ததை எண்ணியிருக்கிறேன். போகாத நேரத்தில் என்னைக் கேட்பான்: "அக்கா, நிறுத்திவிட்டேன் இல்லையா?"

இரண்டு வருடம் அதைப் பொறுப்பு என்றே நினைத்தோம். உண்மையில் அது, வேண்டாத எண்ணம் ஒன்று திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நோய். அதற்கு ஓசிடி என்று பெயர், தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள் என்று தெரிந்த பிறகும் சரியான சிகிச்சையைப் பிடிக்க எட்டு மாதம் ஓடியது. அந்த எட்டு மாதத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் இரண்டு மாவட்டங்களிலும் மனநல மருத்துவர் கிடைப்பார். எளிதில் கிடைக்காதது சிகிச்சையின் இன்னொரு பாதி. ஓசிடிக்கு மாத்திரை ஒரு பாதி, பயத்தை எதிர்கொள்ளும் பயிற்சி மறு பாதி. இரண்டும் ஒரே கட்டடத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்காமல் தனித்தனியாகத் தேடத் தொடங்கினால் பாதி அலைச்சல் குறையும்.

படி 1: ஒரு தாளில் எழுதுங்கள்

மருத்துவர் முன் உட்கார்ந்ததும் நம் ஆட்கள் சொல்வது "தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை" என்பதுதான். அதைக் கேட்டால் யாரும் தூக்க மாத்திரைதான் எழுதுவார்கள். எங்களுக்கும் முதலில் போன இடத்தில் அதுதான் நடந்தது. தம்பி நன்றாகத் தூங்கினான், விழித்தவுடன் மோட்டாரைப் பார்க்கப் போனான்.

ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள். என்ன எண்ணம் வருகிறது, அதற்காக என்ன செய்கிறார், நாளில் எவ்வளவு நேரம் போகிறது, செய்யாமல் தடுத்தால் என்ன ஆகிறது. நாங்கள் எழுதியது இவ்வளவுதான்: "மோட்டார் ஓடிக்கொண்டே இருந்து எரிந்துவிடும், யாராவது ஷாக் அடித்துச் செத்துவிடுவார்கள் என்ற பயம். இரவில் பத்து, பதினைந்து முறை போய்ப் பார்க்கிறான். கேஸ் சிலிண்டரும் அப்படியே. தினமும் மூன்று மணி நேரம். தடுத்தால் வியர்க்கிறது, கோபப்படுகிறான். தேவையில்லாதது என்று அவனுக்கே தெரிகிறது." ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் போகிறதா என்பது மருத்துவர்கள் கேட்கும் முக்கியமான கேள்வி. அதனால் நேரக் கணக்கை விட்டுவிடாதீர்கள்.

கை கழுவும் வகை என்றால் மாதத்துக்கு எத்தனை சோப்பு தீர்கிறது என்று எழுதுங்கள். குடம் குடமாகத் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் நம் ஊர்களில் இது சண்டையாகத்தான் முதலில் வெளிவரும். கை வெடித்துத் தோல் மருத்துவரிடம் களிம்பு வாங்கிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. களிம்பு கைக்கு உதவும், கழுவுவதை நிறுத்தாது.

சொல்லக் கூசும் எண்ணங்களும் இந்த நோயில் வரும். சாமி கும்பிடும்போது ஆபாசமாக ஏதோ தோன்றும். பெற்ற குழந்தையைத் தானே ஏதாவது செய்துவிடுவோமோ என்று ஒரு தாய் நடுங்கிக் கத்தியை ஒளித்து வைப்பாள். அந்த எண்ணம் அவளை நடுங்க வைப்பதே அது அவள் விருப்பம் அல்ல என்பதைக் காட்டுகிறது. மனநல மருத்துவர்களுக்கு இது பழகிய விஷயம். வாயால் சொல்ல முடியாவிட்டால் தாளை நீட்டுங்கள். நோயாளியின் தகவலை ரகசியமாகக் காக்க 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே உரிமை இருக்கிறது.

படி 2: யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எம்பிபிஎஸ் முடித்து மனநல மருத்துவத்தில் எம்டி, டிஎன்பி அல்லது டிபிஎம் படித்தவர் மனநல மருத்துவர். நோயைக் கண்டறிந்து மாத்திரை எழுதுபவர் இவர். மருத்துவ உளவியலாளர் மாத்திரை எழுதமாட்டார், பயிற்சி தருவார். அவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் சொல்வார்கள், கேட்பதில் தப்பில்லை. பெயர்ப் பலகையில் வெறும் "கவுன்சலர்" என்று மட்டும் இருந்தால் என்ன படித்தார் என்று விசாரித்த பிறகு உள்ளே போங்கள். நரம்பியல் மருத்துவர் வேறு. "நரம்புத் தளர்ச்சி" என்று உறவினர்கள் சொன்னதைக் கேட்டு நாங்கள் ஒருவரிடம் போய் மூளை ஸ்கேன் வரைக்கும் எடுத்தோம். ஸ்கேன் மிக அழகாக இருந்தது.

கோயிலுக்குப் போவதையோ மந்திரிப்பதையோ குறை சொல்லமாட்டேன், நானும் போனேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் இடத்துக்கு மட்டும் போகாதீர்கள்.

படி 3: 14416ஐ அழையுங்கள்

டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் இது. 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவும் பகலும் இயங்கும், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அருகில் எங்கே போகலாம் என்று அவர்களிடம் கேளுங்கள். வீட்டில் யாருக்கும் தெரியாமல் தவிப்பவர்களுக்கு இதுதான் எளிய முதல் வாசல். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் மற்ற படிகளையெல்லாம் விட்டுவிட்டு இதே எண்ணையோ 108ஐயோ அழையுங்கள், அல்லது நேராக அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

படி 4: அரசு மருத்துவமனையில் தொடங்குங்கள்

தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கிருஷ்ணகிரியின் அரசு மருத்துவக் கல்லூரி ஊருக்கு வெளியே போலுப்பள்ளியில் இருக்கிறது. காலையிலேயே போய் ஓபி சீட்டு போடும் இடத்தில் "மனநலப் பிரிவு" என்று சொல்லுங்கள். அந்த இரண்டு வார்த்தையைச் சத்தமாகச் சொல்ல எனக்கு மூன்று பேரை முன்னால் போகவிட வேண்டியிருந்தது. சீட்டு எழுதியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை போன்ற தொலைவான இடங்களில் இருப்பவர்கள் முதலில் பக்கத்து அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கு வருவதுண்டு. எந்தக் கிழமை என்று கேட்டு வைத்துக்கொண்டால் பஸ் செலவு மிச்சம். திட்டத்தில் மாத்திரைகளும் இலவசம். மாதக்கணக்கில் சாப்பிட வேண்டிய நோயில் அது சிறிய விஷயம் அல்ல.

படி 5: தனியார் என்றால் போனிலேயே கேளுங்கள்

"டாக்டர் நல்லவரா?" என்ற கேள்விக்கு எல்லா ஊரிலும் ஒரே பதில்தான். இவற்றைக் கேளுங்கள்: ஓசிடி நோயாளிகளைப் பார்க்கிறீர்களா? பயிற்சி சிகிச்சை உங்களிடமே உண்டா, வேறு யாரிடமாவது அனுப்புவீர்களா? முக்கியமாக, "ஈஆர்பி செய்கிறீர்களா?" இந்த மூன்றெழுத்துக்கு எதிர்முனையில் தயக்கமில்லாமல் பதில் வந்தால் சரியான கதவைத் தட்டுகிறீர்கள்.

ஈஆர்பி என்பது பயம் தரும் நிலையை வேண்டுமென்றே எதிர்கொண்டு, வழக்கமாகச் செய்யும் காரியத்தைச் செய்யாமல் இருக்கும் பயிற்சி. தம்பிக்கு முதலில் கூடத்து விளக்கிலிருந்து தொடங்கினார்கள். ஒரு முறை அணை, திரும்பிப் பார்க்காதே. அடுத்து கேஸ். மோட்டார் ஏழாவது வாரம்தான் வந்தது. அன்று நிறுத்திவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். முழங்கால் ஆடியது. "பதற்றம் பத்துக்கு எவ்வளவு?" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டு எழுதினேன். ஒன்பது, ஒன்பது, எட்டு, ஆறு, நான்கு. அவன் போய்ப் பார்க்கவே இல்லை, எண் தானாக இறங்கியது.

எனக்கும் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். "நிறுத்திவிட்டாய், போய்ப் படு" என்று நான் சொல்லிவந்த ஆறுதல்தான் நோய்க்குத் தீனி போட்டிருக்கிறது. இனிமேல் அவன் கேட்டால் பதில் சொல்லக்கூடாது. மொத்தச் சிகிச்சையிலும் எனக்குக் கடினமாக இருந்தது இதுதான். உங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, வீட்டாருக்கு எதுவும் கற்றுத்தராத இடம் என்றால் நீங்களாகவே கேளுங்கள்.

படி 6: பயிற்சிக்கு ஆள் கிடைக்கவில்லையா? பெங்களூர்

பெங்களூரில் ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். சென்னையைவிட நமக்கு இது எவ்வளவோ பக்கம். ஓசூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து விடியற்காலையில் கிளம்புங்கள். முதல் நாளே ஓசிடி பிரிவுக்குள் விட்டுவிடமாட்டார்கள், பொதுவாகப் பரிசோதித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். முழு நாளும் போகும் என்று எண்ணிச் சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். பழைய சீட்டு, மாத்திரை அட்டை, அந்தத் தாள் மூன்றும் பையில் இருக்கட்டும். கன்னடம் தெரியாதே என்று தயங்காதீர்கள், எங்களிடம் தமிழிலேயே பேசினார்கள். சேலத்துக்குப் பக்கமாக இருப்பவர்கள் அங்கே தேடலாம். வீடியோ மூலம் பயிற்சி தரும் உளவியலாளர்களும் இருக்கிறார்கள். ஈஆர்பிக்கு அது நன்றாகவே பொருந்துகிறது, ஏனென்றால் பயம் இருப்பது நம் வீட்டில்தானே.

படி 7: மாத்திரை தொடங்கிய பிறகு

ஃப்ளுவாக்செட்டின், செர்ட்ராலின், ஃப்ளுவாக்சமின் போன்றவைதான் பெரும்பாலும் முதலில் எழுதப்படும். மனச்சோர்வுக்கும் இவையே மருந்து, ஓசிடிக்கு அளவு சற்று அதிகமாகத் தேவைப்படலாம். முதல் இரண்டு வாரம் வயிறு புரட்டும், தூக்கம் மாறும், பலனோ கண்ணுக்குத் தெரியாது. மருந்து வேலை செய்கிறதா என்று சொல்ல 8 முதல் 12 வாரம் ஆகும். பாதிப் பேர் மூன்றாவது வாரமே "இந்த டாக்டர் சரியில்லை" என்று அடுத்தவரிடம் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன், அதில் நானும் ஒருத்தி. நன்றான பிறகும் குறைந்தது ஒரு வருடம் தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதும் அவர் சொல்லி, மெதுவாகக் குறைத்துத்தான்.

ஒவ்வொரு முறை போகும்போதும் அதே தாளைப் புதிதாக எழுதிக்கொண்டு போங்கள். எங்கள் கடைசித் தாளில் "மோட்டார்: இரவில் ஒரு முறை, சில நாட்கள் இரண்டு" என்று இருக்கிறது. தக்காளி விலையைப் பற்றி மட்டும் இப்போதும் ஒரு நாளில் பத்து முறை கேட்கிறான். பாலக்கோட்டு மார்க்கெட்டுக்குப் போகிற எல்லோருமே அதைக் கேட்பதால் நான் எழுதவில்லை.