தண்ணீர் சேர்ந்தால் கணக்கே வேறு: இயற்கைச் சருமப் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளியல் பொடி, கற்றாழை ஜெல், சோப்பு எல்லாம் வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொடுக்கிறேன். புதிதாக வருகிறவர்களைப் பார்த்தால், ஆரம்பத்தில் நான் போன வழியிலேயேதான் அவர்களும் போகிறார்கள். வாட்ஸ்அப்பில் அதே குறிப்புகள், கடையில் அதே சாமான்கள், கடைசியில் அதே சேதம். கையைக் கழுவிவிட்டுச் செய்யுங்கள், முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள் என்பதெல்லாம் எல்லாரும் அறிந்தது. அதை விட்டுவிடுகிறேன். விவரம் தெரிந்தவர்களும் கோட்டை விடுகிற இடங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கஸ்தூரி மஞ்சளை நிறம் பார்த்து வாங்குவது

நல்ல மஞ்சளாக இருந்தால் நல்ல கஸ்தூரி மஞ்சள் என்று நினைக்கிறார்கள். உண்மை இதற்கு நேர் எதிர். அசல் கஸ்தூரி மஞ்சளை உடைத்துப் பார்த்தால் உள்ளே வெளிறிய சந்தன நிறம்தான் இருக்கும். முகர்ந்தால் கற்பூரம் கலந்த வாசம் வரும். உள்ளங்கையில் ஒரு சிட்டிகையைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒரு நிமிடம் கழித்துக் கழுவுங்கள். ரேகைகளில் மஞ்சள் தங்கினால் அது வேறு ஏதோ கிழங்கு. பொடியாக வாங்கினால் இந்தச் சோதனையை வீட்டுக்கு வந்துதான் செய்ய முடியும். கிழங்காக வாங்கினால் கடையிலேயே ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லலாம்.

சந்தனப் பொடி

மலிவாகக் கிடைத்தால் அது சந்தனம் இல்லை. அசல் வேண்டுமென்றால் ஒரு சிறு கட்டை வாங்கிக் கல்லில் இழையுங்கள், பல வருஷம் வரும். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இருக்கிற மரம் அது. கிலோ கணக்கில் பொடியாக்கிக் குளிப்பதற்கில்லை. வாசத்துக்கு வெட்டிவேரே போதும், கடலூர்ப் பக்கம் கடற்கரை மணலில் பயிராகவே வளர்க்கிறார்கள்.

நலங்கு மாவை மில்லில் அப்படியே கொடுத்துவிடுவது

பச்சைப்பயறு, கோரைக்கிழங்கு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் சேர்ப்பார்கள். மொத்தத்தையும் ஒரு பையில் போட்டு மில்லுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கு முன்னால் அங்கே என்ன அரைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. என்னிடம் படித்த ஒரு அம்மா, பேத்திக்காக ஆசையாக அரைத்து வந்த மாவைப் பூசியதும் குழந்தை வீறிட்டு அழுதிருக்கிறது. விசாரித்தால், முந்தின ஆள் கொண்டுவந்தது மிளகாய் வற்றல். கல்லிலும் சாக்குக் குழாயிலும் ஒட்டியிருக்கும் மிளகாய்த் தூள் உங்கள் மாவோடுதான் வெளியே வரும். மாவு மட்டும் அரைக்கிற தனி மிஷின் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் காலையில் முதல் ஆளாகப் போய், ஒரு படி பச்சரிசியை ஓட்டிவிட்டு, அதற்கப்புறம் உங்களுடையதைக் கொட்டுங்கள். அந்த அரிசி மாவு கோலத்துக்கு ஆகும்.

இன்னொன்று. வெட்டிவேர் என்ன அரைத்தாலும் முழுசாகப் பொடியாகாது. நார் முள் முள்ளாக நிற்கும். மாவுச் சல்லடை அதைப் பிடிக்காது. மெல்லிய பருத்தித் துணியில் சலித்தே தீர வேண்டும். சித்த மருத்துவத்தில் வஸ்திரகாயம் என்று சொல்வது இதைத்தான். குழந்தைக்குப் பூசுகிற மாவென்றால் இதில் சலுகையே கிடையாது.

எலுமிச்சை, கார்போக அரிசி, அப்புறம் வெயில்

பி.எச். என்பது அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். அளவு 2-ஐ ஒட்டி இருக்கும். நம் தோலுடையது ஏறக்குறைய 5. எரிச்சலுக்கு இந்த இடைவெளியே போதும். ஆனால் பெரிய ஆபத்து வேறு. எலுமிச்சை வகைகளில், அதிலும் தோலில், வெயில் பட்டால் கிளர்ந்து சருமத்தைச் சுடுகிற பொருள்கள் உண்டு. சாறு பட்ட கையோடு வெயிலில் நின்றால் சில நேரம் கொப்புளம் வரும். ஆறிய பிறகு பழுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். கருமை போகட்டும் என்று தடவியவருக்குக் கருமையே மிச்சமாகும்.

இந்த வகைப் பொருள் கார்போக அரிசியிலும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அதிலுள்ள சோரலென் வெயிலோடு சேர்ந்து தோலில் நிறமியைத் தூண்டும். வெண்புள்ளி நோய்க்கு அந்த விதையை மருந்தாக்கியதே இதனால்தான். ‘நல்லதுதானே’ என்று குளியல் பொடியில் கை நிறைய அள்ளிப் போட்டு, குளித்த கையோடு ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறவர்களைப் பார்க்கிறேன். தினசரிப் பொடியிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். தோல் நோய்க்காக வேண்டுமென்றால் சித்த மருத்துவர் சொல்லட்டும்.

சமையல் சோடா

முகத்துக்கு வேண்டாம். அது காரத்தன்மை (ஆல்கலைன்) உள்ளது, அமிலத்துக்கு நேர் எதிர்.

வீட்டுச் சன்ஸ்கிரீன்

செய்யாதீர்கள். எவ்வளவு வெயிலைத் தடுக்கிறது என்று வீட்டில் அளக்க வழியே இல்லை. தேங்காய் எண்ணெயும் சன்ஸ்கிரீன் ஆகாது.

தண்ணீர் உள்ள பொருளைப் பிரிசர்வேட்டிவ் இல்லாமல் பாட்டிலில் அடைப்பது

பிரிசர்வேட்டிவ் என்றால் பொருளில் கிருமி வளராமல் தடுக்கச் சேர்ப்பது. இனி சொல்லப்போவதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்காத விஷயம்.

வகுப்புக்கு வந்துபோன ஒரு பெண் தீபாவளி சமயத்தில் போன் செய்தார். வீட்டுத் தோட்டத்துக் கற்றாழையில் ஜெல் செய்து, அழகான டப்பாக்களில் நிரப்பி, ‘நோ கெமிக்கல்’ என்று லேபிள் ஒட்டி, சொந்தக்காரர்களுக்குக் கொடுத்ததுபோக அப்பார்ட்மென்டிலும் விற்றிருக்கிறார். வாங்கியவர்களில் ஒருவர் கருவளையத்துக்காகத் தினமும் கண்ணுக்குக் கீழே தடவி வந்திருக்கிறார். ஒரு வாரத்தில் கண் சிவந்து பீளை கட்டி, டாக்டரிடம் போனபோது முதலில் கேட்ட கேள்வி, ‘என்ன தடவினீங்க?’ அந்த ஜெல்லால்தான் வந்தது என்று யாரும் சோதித்து உறுதி செய்யவில்லை. ஆனாலும் மிச்சம் இருப்பதை எல்லாரிடமிருந்தும் திரும்ப வாங்கிக் கொட்டிவிடச் சொன்னேன். அவருக்கு மனசே இல்லை. ‘ரெண்டு வைட்டமின் ஈ கேப்சூல் உடைச்சுப் போட்டிருக்கேன்க்கா, ஆறு மாசம் தாங்கும். பாக்க நல்லாத்தானே இருக்கு, வாடைகூட வரல’ என்றார்.

இந்த ஒரு பதிலில் மூன்று தவறுகள் இருக்கின்றன. மூன்றையும் யாரோ ஒருவர் வீடியோவில் தைரியமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

முதலில், வைட்டமின் ஈ. அது எண்ணெய் காற்றோடு சேர்ந்து சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பாக்டீரியாவையோ பூஞ்சையையோ அது ஒன்றும் செய்யாது. தண்ணீரே இல்லாத லிப் பாம், மூலிகை எண்ணெய் போன்றவற்றில் அதற்கு வேலை உண்டு. கற்றாழைச் சோற்றில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் தண்ணீர், மீதியில் கொஞ்சம் சர்க்கரைச் சத்து. கிருமிக்குக் குடிக்கத் தண்ணீரும் தின்னச் சாப்பாடும் வைத்து, மூடி போட்டு, குளியலறையின் இளஞ்சூட்டில் வைக்கிறோம்.

இரண்டாவது, ‘பாக்க நல்லாத்தான் இருக்கு’. கண்ணும் மூக்கும் இதில் உதவாது. ஒரு மில்லி ஜெல்லில் லட்சக்கணக்கில் பாக்டீரியா இருந்தாலும் அது தெளிவாகவே தெரியும். கலங்கி, நீர்த்து, மூடியின் உள்பக்கம் கறுப்புப் புள்ளி விழும் கட்டத்துக்கு வருவதற்குள் பல நாள் அதை முகத்தில் தடவியிருப்போம். இப்படி வளர்கிறவற்றில் சூடோமோனஸ் என்று ஒரு கிருமி உண்டு. குழாய், சிங்க், ஈரமான இடம் எங்கும் இருக்கும். நல்ல தோலைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. பரு கிள்ளிய புண், எக்ஸிமா வெடிப்பு, கண் என்று வழி கிடைத்தால் விடாது. நாம் கற்றாழையைத் தடவுவதே பெரும்பாலும் அந்த இடங்களில்தான்.

மூன்றாவது, ‘ஆறு மாசம்’. இந்தக் கணக்குக்கு எந்த ஆதாரமும் இல்லை.

வேம்பு இருக்கிறதே, மஞ்சள் இருக்கிறதே, அவை கிருமிநாசினிதானே என்று கேட்பார்கள். சில கிருமிகளை ஓரளவுக்கு எதிர்ப்பது வேறு, ஒரு பாட்டில் தண்ணீரை மாதக்கணக்கில் காப்பது வேறு. வேப்பிலை போட்டு வைத்த தண்ணீர் நான்காம் நாள் என்ன நாற்றம் நாறும் என்று யாருக்குத் தெரியாது? தேன் கெடுவதில்லையே என்பார்கள். தேனில் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது, அதனால் கெடுவதில்லை. அதே தேனில் தண்ணீர் கலந்து வைத்தால் புளித்துப்போகும். கிரேப்ஃப்ரூட் விதைச் சாறு இயற்கைப் பிரிசர்வேட்டிவ் என்று ஆன்லைனில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். 1999-ல் ஜெர்மனியில் கடைகளில் விற்ற ஆறு விதைச் சாறுகளைச் சோதித்தபோது ஐந்தில் செயற்கைப் பிரிசர்வேட்டிவ் கலந்திருந்தது. எதுவும் கலக்காத ஆறாவது கிருமியைத் தடுக்கவே இல்லை.

பிரிசர்வேட்டிவ் என்றாலே வருகிற பயம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குப் புரிகிறது. 2004-ல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வு, மார்பகக் கட்டித் திசுக்களில் பாரபென் என்ற பிரிசர்வேட்டிவ் இருந்ததாகச் சொன்னது. கட்டி அதனால் வந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. செய்தி பரவியபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் ஐந்து பாரபென்களைத் தடை செய்தது, மற்றவற்றுக்கு அளவு வகுத்து அனுமதித்தது. நான் பாரபென் பயன்படுத்துவதில்லை. உங்களையும் பயன்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் பாரபென் வேண்டாம் என்றால், எதையுமே போடாமல் விடுவது அதற்குத் தீர்வு ஆகாது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

நான் முதலில் சொல்வது, தண்ணீரையே சேர்த்து வைக்காதீர்கள் என்பதுதான். நலங்கு மாவு உலர்ந்த பொடியாக டப்பாவில் இருக்கும், குளிக்கப் போகும்போது கிண்ணத்தில் குழைத்துக்கொள்வோம். ஈரம் சேர்ந்த நிமிஷத்திலிருந்து தேய்த்துக் கழுவும் வரை பத்து நிமிஷம்தான், கிருமி வளர நேரமே இல்லை. பிரிசர்வேட்டிவ் வேண்டாம், பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், தண்ணீரை லாரியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்ப வேண்டாம். சுற்றுச்சூழலை நினைத்து இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பொருளை நான் பார்த்ததில்லை. பொடி மட்டும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஆவாரம்பூ மேலே சருகாக இருக்கும், காம்பில் ஈரம் ஒளிந்திருக்கும். காம்பை ஒடித்தால் சத்தம் வர வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் இரண்டு நாள் நிழலில் போடுங்கள்.

கற்றாழைதான் வேண்டும் என்றால் அன்றன்றைக்கு வெட்டுங்கள். மடலை வெட்டியதும் அடிப்பக்கம் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் சாய்த்து வைத்தால் மஞ்சள் பால் வடியும். அரிப்பு உண்டாக்குவது அதுதான், அதை வடியவிட்டுக் கழுவிய பிறகே சோற்றை எடுக்க வேண்டும். மிஞ்சியதை ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைத்தால், தேவைப்படும்போது ஒரு கட்டி எடுத்துக்கொள்ளலாம். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் என்றால் மூன்று நாள். குளிர் கிருமியை மெதுவாக்கும், நிறுத்தாது.

இல்லை, பாட்டிலில் வைத்துத்தான் ஆக வேண்டும், கொடுக்க வேண்டும், விற்க வேண்டும் என்றால் பிரிசர்வேட்டிவ் போடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்குவாஷ் போடுகிற வீடுகளில் சோடியம் பென்சோயேட் புதிதல்ல. அதற்கு மூலமான பென்சாயிக் அமிலத்தை முதலில் பிரித்தெடுத்ததே சுமத்ராவிலிருந்து வந்த சாம்பிராணிப் பிசினிலிருந்துதான். இன்னொரு பிரிசர்வேட்டிவான சார்பிக் அமிலம் 1859-ல் ரோவன் என்ற மரத்தின் பழத்திலிருந்து வந்தது. இவற்றின் உப்புகளையும், பென்சைல் ஆல்கஹாலும் டிஹைட்ரோஅசிட்டிக் அமிலமும் சேர்ந்த கலவையையும் காஸ்மோஸ் என்கிற ஐரோப்பிய இயற்கை அழகுப்பொருள் தரமே அனுமதிக்கிறது.

ஆனால் வாங்கி ஊற்றினால் மட்டும் வேலை முடியாது. பென்சோயேட் அமிலத்தன்மையில்தான் வேலை செய்யும். ஜெல்லின் பி.எச். 5-க்கு மேல் போனால் போட்டும் போடாத கணக்கு. பி.எச். தாள் ஒரு கட்டு வாங்கி, ஒவ்வொரு முறையும் தோய்த்துப் பாருங்கள். கூடியிருந்தால் சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு 4.5 பக்கம் கொண்டுவாருங்கள். அதோடு, பென்சோயேட்டைத் தனியாகப் போடுவதைவிட, சார்பிக் அமிலத்தின் உப்பான பொட்டாசியம் சார்பேட்டோடு சேர்த்துப் போடுவது நல்லது. எதைப் போட்டாலும் ஸ்பூன் அளவும் துளிக் கணக்கும் வேண்டாம். கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசில், விற்றவர் கொடுத்த சதவீதப்படி நிறுத்துப் போடுங்கள்.

எசென்ஷியல் ஆயிலை நேரடியாகத் தடவுவது

செடிகளிலிருந்து எடுக்கிற செறிவான வாசனை எண்ணெய் இது, வேறு எண்ணெயில் கலந்துதான் தடவ வேண்டும். முகத்துக்கு நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பழைய டீ ட்ரீ ஆயிலைத் தூக்கிப் போடுங்கள். காற்றுப் பட்டுப் பழசானதில்தான் ஒவ்வாமை அதிகம்.

காஸ்டிக் சோடாவும் அலுமினியப் பாத்திரமும்

சோப்புச் செய்யப் போடுகிற காஸ்டிக் சோடா அலுமினியத்தோடு சேரவே கூடாது. பாத்திரத்தை அரிக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். எவர்சில்வர்தான்.

உரிமம் இல்லாமல் விற்பது

தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் என்று தொடங்கி, ஆறு மாதத்தில் இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுக்கிறார்கள். விற்பனைக்காக அழகுப்பொருள் தயாரிக்க 2020-ம் ஆண்டு விதிகளின்படி மாநில உரிம அதிகாரியிடம் உரிமம் வாங்க வேண்டும். ‘இயற்கை’ என்று லேபிளில் எழுதுவதால் விலக்கு கிடைக்காது.

பழைய பாட்டில்

ஜாம், ஊறுகாய் பாட்டில்களைத் திரும்பப் பயன்படுத்துவது நல்ல பழக்கம். கண்ணாடியைக் கொதிக்க வைத்து எடுக்கிறார்கள், மூடியை மறந்துவிடுகிறார்கள். மூடிக்குள் இருக்கிற ரப்பர் வளையத்தில் பழைய ஊறுகாய் எண்ணெயும் ஈரமும் தங்கியிருக்கும். கத்தி நுனியால் நெம்பினால் சில மூடிகளில் அது தனியாக வந்துவிடும், கழுவி வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். வராத மூடிக்குப் பதில் புது மூடி வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டில் கடைகளில் மூடி மட்டும் தனியாகவும் கொடுப்பார்கள், பாட்டிலையே கையோடு எடுத்துப் போனால் சரியான அளவு கிடைக்கும்.