பேனாவை வெளியே வைத்துவிட்டு வாருங்கள்: ஸ்டுடியோவில் கூடி உட்கார்ந்து ராப் பாட்டுக் கட்டுவது எப்படி

பெரம்பூரில் ஒரு வீட்டு மாடியறையில் பீட் போடுகிறேன், அதாவது ராப்புக்குப் பின்னால் ஓடும் தாள இசையைக் கட்டுகிறேன். வருகிற ராப் பாடகர்களில் பெரும்பாலானவர்கள் வரியைப் போனில் எழுதிக்கொண்டு வருவார்கள். பீட்டை முன்பே அனுப்பியிருப்பேன். பாடிப் பதிந்துவிட்டுப் போவார்கள். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று: மூன்று நான்கு பேர் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்து, பீட்டும் வரியும் ஹூக்கும் (பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வரும் பகுதி) ஒரே அறையில் ஒன்றாகவே உருவாகி, ராத்திரி கிளம்பும்போது ஒரு பாட்டு கையில் இருப்பது. லில் வெய்ன், ஜே-ஸீ போன்றவர்கள் காகிதத்தில் எழுதாமல் மைக் முன்னாலேயே வரி கட்டுகிறவர்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைக் கேட்டுவிட்டு ஆசையோடு உட்கார்ந்து, அரை மணியில் ஆளுக்கொரு போனை நோண்டிக்கொண்டிருக்கும் கூட்டத்தையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. ஓட்டம் நின்றுபோனது, அவ்வளவுதான்.

அதனால் அன்றைக்கு ப்ரொட்யூசர் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஓட்டத்தைத்தான், பீட் அதற்கு அப்புறம். வரி நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே அன்று எடுக்கக் கூடாது. தீர்ப்பெல்லாம் மறுநாள்.

ஆட்கள் வருவதற்குள்

சாஃப்ட்வேரில் ஒரு டெம்ப்ளேட் தயாராக இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு டிராக், பெயர் போட்டு, ரெக்கார்ட் பட்டன் முன்கூட்டியே அழுத்தப்பட்ட நிலையில். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். பஃபர் சைஸ், அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு வாங்கிக்கொள்ளும் ஒலித்துண்டின் அளவு, 128 சாம்பிளுக்கு மேல் போக வேண்டாம். 128இல் ஒரு பஃபருக்கு ஆகும் தாமதம் 3 மில்லிசெகண்டுக்கும் குறைவு. 1024 வைத்தால் அதுவே 21 மில்லிசெகண்ட் ஆகிவிடும். எண்ணில் சின்னதாகத் தெரியும். ஆனால் ஹெட்ஃபோனில் தன் குரல் தனக்கே பின்னால் வந்து விழும்போது எப்பேர்ப்பட்ட ஃப்ளோவும் தடுமாறும். கனமான ப்ளக்-இன் எல்லாம் மிக்ஸிங் அன்றைக்கு. மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டரிங் (குரலை நேராக ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் வசதி) இருந்தால் அதையே போட்டுவிடுங்கள், வம்பில்லை.

மைக் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். கூட்டு அமர்வுக்கு விலையுயர்ந்த ஒரு கண்டென்சர் மைக்கைவிட சாதாரண டைனமிக் மைக் இரண்டு மேல். கண்டென்சர், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் பேசுவதையும் தெருவில் போகிற புல்லட்டையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு வரும். டைனமிக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கலாம், அடுத்தவனிடம் நீட்டலாம். எல்லோருக்கும் காது மூடிய ஹெட்ஃபோன் வேண்டும். ஸ்பீக்கரில் பீட்டை ஓடவிட்டால் அது குரல் டிராக்கில் ஏறி உட்கார்ந்துவிடும், பிறகு பீட்டை மாற்றவே முடியாது. லெவலைத் தாராளமாகக் குறைத்து வையுங்கள். உச்சம் மைனஸ் 10 டெசிபல் பக்கம் நின்றால் போதும். முணுமுணுத்துக்கொண்டிருந்தவன் திடீரென்று கத்துவான், அந்தக் கத்தல்தான் ஹூக்காக இருக்கும், அது உடைந்துபோனால் மனசே ஆறாது.

பஞ்சு மெத்தை இருந்தால் பாடுகிறவருக்குப் பின்னால் சாய்த்து வையுங்கள். மைக் பார்ப்பது பாடுகிறவரையும் அவருக்குப் பின்னாலிருக்கும் சுவரையும்தான், எதிரொலி அங்கிருந்துதான் வரும். ஃபேனை அணைத்தாக வேண்டும். அணைத்தால் சென்னை வெயிலில் இருபது நிமிடத்தில் அறை கொதிக்கும். ஆகவே சுற்றுகளை அதற்குத் தக்கபடி சின்னதாக வைத்துக்கொண்டு, நடுநடுவே கதவைத் திறந்துவிடுங்கள்.

இன்னொன்று, பலரும் விட்டுவிடுவது. அறையின் மூலையில் ஒரு மைக்கோ பழைய போனோ வைத்து, கதவு திறந்ததிலிருந்து கடைசி ஆள் செருப்பு மாட்டும்வரை பதிந்துகொண்டே இருங்கள். நான் அதைப் பேச்சு மைக் என்பேன். முதலிலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள், யாருக்கும் தெரியாமல் பதியக் கூடாது. நல்ல வரிகள் மைக் முன்னால் வருவதைவிட டேக் முடிந்து "மச்சி, நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்று ஆரம்பிக்கும் பேச்சில் அதிகம் வரும்.

பீட்டை அரைகுறையாக வையுங்கள்

முழுசாக அடுக்கிய பீட்டைப் போட்டால் பாடகர்கள் ரசிகர்களாகிவிடுவார்கள். தலையாட்டுவார்கள், "செம அண்ணா" என்பார்கள், பாட மாட்டார்கள். நான்கு பார் (ஒரு பார் என்றால் நான்கு தட்டு) நீளத்துக்கு, திரும்பத் திரும்ப ஓடும் ஒரு லூப் போதும். கிக், ஸ்நேர், கூடவே ஒரே ஒரு இசைத்துண்டு. காலி இடம் இருந்தால்தான் குரல் உள்ளே வரும்.

டெம்போவை நானாக முடிவு செய்வதில்லை. வந்ததும் யாராவது ஒருவரை அன்றைக்கு வழியில் நடந்ததைச் சொல்லச் சொல்வேன். பஸ்ஸில் சில்லறைச் சண்டை, வீட்டுக்காரர் வாடகை ஏற்றியது, எதுவாக இருந்தாலும் சரி. அவர் பேசப் பேச, தட்டும் வேகத்தை அளந்து சொல்லும் டேப் டெம்போ பட்டனில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பேன். கோபமாகப் பேசுகிறவருக்கு ஒரு வேகம் வரும், சலித்துப் பேசுகிறவருக்கு இன்னொன்று. 88இலிருந்து 96 பிபிஎம்முக்குள் (நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்ற கணக்கு) விழுந்தால் கதை சொல்ல வசதி. 92இல் 16 பார் என்பது ஏறக்குறைய 42 நொடி. 140இல் அதே 16 பார் 27 நொடியில் ஓடிவிடும். புதிதாக வருகிறவரிடம் 16 பாரை நீட்டினால் பயந்துவிடுவார். முதலில் 4, பிறகு 8.

டிரம்ஸைக் கையால் தட்டுங்கள். 1988இல் ஆகாய் நிறுவனத்தின் எம்பிசி 60 வந்தபோது அதில் இருந்த 16 பேட்களும் இதற்காகத்தான் பயன்பட்டன: இசைப்பவர் விரலாலேயே அந்த நேரத்தில் பீட்டை மாற்றலாம். இன்று சின்ன மிடி பேட் ஒன்று இருந்தால் போதும். மவுஸால் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்தால் உங்கள் கண் திரையில் இருக்கும், பாடகரின் முகத்தைப் பார்க்க மாட்டீர்கள். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு ஸ்நேர் ரோல் விழ வேண்டும் என்றால் பார்த்துக்கொண்டேதான் தட்ட வேண்டும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தனி வழி உண்டு. ஓட்டம் மந்தமானால் பிபிஎம்மைத் தொடாமல் ஹை-ஹாட்டை மட்டும் மூன்று மூன்றாக மாற்றிவிடுவேன். குத்து கேட்டு வளர்ந்த உடம்புக்குத் திஸ்ர நடை வந்ததும் தோள் தானாக அசையும். அடுத்த நான்கு பாரில் யாராவது உள்ளே குதித்துவிடுவார்கள்.

சுருதியையும் முன்கூட்டி முடிவு செய்யாதீர்கள். பாடகரின் முனகலைக் கேட்டு, குரல் எங்கே வசதியாக நிற்கிறதோ அந்தச் சுரத்துக்கு 808 பேஸை (பீட்டின் அடியில் ஓடும் கனத்த ஓசை) இழுத்துக்கொள்ளுங்கள். 

தத்தகாரத்தில் தொடங்குங்கள்

சினிமாப் பாட்டுக்கு மெட்டு தருகிறவர்கள் "தன்னானே தானே" என்று தத்தகாரம் போட்டுக் கொடுப்பார்கள், கவிஞர் அதில் சொல்லை நிரப்புவார். ராப் அமர்விலும் அதையேதான் செய்கிறோம், ஒரே ஆள் இரண்டையும் செய்கிறார். முதல் இரண்டு சுற்றில் வார்த்தையே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாய்க்கு வந்த ஓசை மட்டும். வெட்கம் போக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஒரு முறை மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம் இப்படி நடந்தது. லூப் 92இல் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோ ஓட்டும் ஒரு தம்பி "தான தந்த தனந்தந்தா" என்று முனகிக்கொண்டே இருந்தான். நான்காவது சுற்றில் அவன் வாயில் "மாடி" என்று ஒரு சொல் விழுந்தது. அதன் பிறகு "மாடி வீட்டு மழைத்தண்ணி" என்று வரி நிமிர்ந்தது. தந்ததானாவின் அளவு அப்படியே சொல்லில் வந்து உட்கார்ந்ததைப் பாருங்கள். அவன் அதற்கு மேல் போக முடியாமல் நின்றான். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் மைக்கை வாங்கிக்கொண்டாள்:

மாடி வீட்டு மழைத்தண்ணி
ஓடி வந்து நம்ம வாசல்ல
தேடிப் பாத்தா மேடே இல்ல
கூடி நின்னோம் குடை இல்லாம

இதில் ஒரு பாடம் இருக்கிறது. உடனுக்குடன் கட்டும்போது எல்லோரும் வரியின் கடைசியில்தான் ரைம் தேடுவார்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் "போறேன், வாறேன், பாக்குறேன்" என்று இயைபு இலவசமாகக் கிடைக்கும். கிடைப்பதாலேயே சலித்துவிடும். அந்தப் பெண் பிடித்தது எதுகை. மாடி, ஓடி, தேடி, கூடி: இரண்டாம் எழுத்து ஒன்று, முதல் எழுத்து எல்லாமே நெடில். வரியின் தலையில் ரைம் விழுவதால் அது ஒவ்வொரு பாரின் முதல் தட்டில் சரியாக இறங்குகிறது. "மாடி"க்குப் பிறகு "படி" என்று போட்டிருந்தால் குறில் வந்து கால் இடறியிருக்கும். இந்த இடறலையே வேண்டுமென்று பயன்படுத்தலாம். நான்கு பார் நெடிலில் ஓட்டிவிட்டு அடுத்த நான்கு பாரை இடி, அடி, படி, முடி என்று குறிலுக்கு மாற்றுங்கள். பீட்டைத் தொடாமலேயே வேகம் கூடியதுபோல் இருக்கும். அன்று மூன்றாவது ஆள் அதைத்தான் செய்தார்.

இலக்கணம் பள்ளியில் மனப்பாடம் செய்ததோடு போய்விட்டது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இது மைக் முன்னால் புரியும்போது ஒரு முகம் வரும். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

மைக்கைக் கைமாற்றுவது

யார் எப்போது பாடுவது என்று குழப்பம் வந்தால் எல்லோரும் மரியாதையாக அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்து, கடைசியில் யாரும் பாட மாட்டார்கள். எட்டு பார் முடிந்ததும் மைக் இடது பக்கம் போக வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வரி வரவில்லையென்றால் நிறுத்தக் கூடாது. "கேளு கேளு" மாதிரி ஒரு பொதுச்சொல்லை வைத்துக்கொண்டு அதைச் சொல்லிச் சமாளிக்கலாம், பின்னால் உள்ளவர்களும் சேர்ந்து சொல்லலாம். அதுவே பல நேரம் ஆட்லிப்பாக, வரிகளுக்கு இடையில் வரும் கூவலாக, பாட்டில் தங்கிவிடும். ஆள் தடுக்கி விழுவது தெரிந்தால் நான் ஒரு பாருக்கு டிரம்ஸை மொத்தமாக எடுத்துவிடுவேன். அந்த அமைதி வேண்டுமென்றே வைத்ததுபோல் ஆகிவிடும், அவர் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப வருவார்.

பொருள் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தால் கட்சி பிரித்துவிடுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் லாவணியில் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று எதிர்க்கட்சி. விடிய விடியப் பாட்டிலேயே வாதாடுவார்கள். அந்த முறை ராப்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. "ஊரை விட்டுப் போகணும்" என்று ஒருவர், "இங்கேயே கிடக்கணும்" என்று இன்னொருவர். எதிராளி கடைசியாகச் சொன்ன சொல்லில் தொடங்க வேண்டும் என்று மட்டும் ஒரு நிபந்தனை. அது அவரைக் கவனமாகக் கேட்க வைக்கும். சேர்ந்து பாடுவதில் பாதி, கேட்பதுதான்.

எழுதாமல் கட்டுவது என்றால் ஒரே மூச்சில் முழு வெர்ஸ் வர வேண்டும் என்று அர்த்தமில்லை. ஒரு வரி, நிறுத்து, அடுத்த வரி என்று பஞ்ச்-இன் செய்துகொண்டே போகலாம். அப்படிச் செய்வதானால் ஒவ்வொரு முறையும் இரண்டு பார் முன்னாலிருந்து ஓடவிடுங்கள், முந்தைய வரியைக் கேட்டபடியே உள்ளே வருவார்கள். ப்ரொட்யூசரின் விரல் அதற்கு வேகமாக இருக்க வேண்டும். "ஒரு நிமிஷம் இரு" என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் ஒரு வரி செத்துப்போகிறது.

யாராவது துள்ளினாலோ சிரித்தாலோ "டேய்" என்றாலோ மார்க்கர் விசையைத் தட்டிவிடுங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம். முக்கால் மணிக்கு ஒரு தடவை டீ. பரோட்டா சாப்பிடுவதை வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், வயிறு நிறைந்தால் மூச்சு நிற்காது.

மறுநாள்

மார்க்கர் விழுந்த இடங்களையும் பேச்சு மைக்கையும் மட்டும் கேளுங்கள். மூன்று மணி நேரப் பதிவையும் உட்கார்ந்து கேட்டால் காது மரத்துவிடும். முதலில் ஹூக், அப்புறம் வெர்ஸ். நான் மறுபதிவு செய்வது சொல் புரியாத இடத்தை மட்டும்தான். சுத்தமாகப் பாடிவிடலாம் என்று முழுவதையும் திரும்ப எடுத்தால் வரி அதே வரிதான், ஆனால் அதைக் கண்டுபிடித்த நேரத்து நடுக்கம் போயிருக்கும். மாடித் தண்ணி வரியில் அந்தப் பெண் "மேடே" என்ற இடத்தில் லேசாக மூச்சு இழுப்பாள். அது அப்படியே இருக்கிறது.

பங்கு விஷயத்தை முதல் நாளே, வெளியே போகும் முன்பே பேசிவிடுங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி வரிக்கு ஓர் உரிமை, இசைக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. 2012 திருத்தத்துக்குப் பிறகு வரி எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டி உரிமை இன்னும் உறுதியாகியிருக்கிறது. ராயல்டி வசூலித்துத் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் பாட்டைப் பதியும்போது யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதியாக வேண்டும். கூடிக் கட்டிய பாட்டில் எந்தச் சொல் யாருடையது என்று பிரித்துப் பார்ப்பது வீண் சண்டை. என் வழக்கம் இது: வரியின் பங்கு அன்று மைக் பிடித்த எல்லோருக்கும் சமம். இசையின் பங்கு எனக்கு, ஹூக்கின் மெட்டை யார் முனகினாரோ அவருக்கும் அதில் ஒரு பாகம். ஒரே தாளில் பெயர், சதவீதம், தேதி, எல்லோருடைய கையெழுத்து. அதைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டுவிட்டுத்தான் கதவைப் பூட்டுவேன். இணையத்திலிருந்து எடுத்த லூப் ஏதாவது பீட்டில் இருந்தால் அதன் லைசென்ஸையும் அதே தாளின் கீழே குறித்துவையுங்கள்.

கடைசியாக, ப்ராஜெக்டை இரண்டு இடத்தில் காப்பி எடுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். பெரம்பூரில் மழைத்தண்ணி கீழ்த்தளத்தோடு நின்றுவிடும் என்று சொல்ல முடியாது.