விண்டோஸ் 10 ஓடும் பழைய லப்டொப்பை எறிய முதல்

2025 ஒக்ரோபர் 14 ஓடு விண்டோஸ் 10 க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. மெஷின் வழமைபோல ஓன் ஆகும், வேர்ட் திறக்கும், யூடியூப் ஓடும். புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை அடைக்கத்தான், கீழே சொல்லும் நீடிப்பில் சேராவிட்டால், இனி ஆளில்லை. இதைச் சாட்டாக வைத்து "இது பழசு, விண்டோஸ் 11 ஏறாது, புதுசு எடுங்கோ" என்று சொல்லிவிடுவது விற்கிறவருக்குச் சுகம். 2014 க்குப் பிறகு வந்த, ஸ்கிரீனும் கீபோர்ட்டும் ஒழுங்காக உள்ள லப்டொப் என்றால் பெரும்பாலும் ஓர் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும், சுற்றாத டிஸ்க்), ஒரு ராம் துண்டு, ஒரு பின்னேரம் போதும்.

முதலில் சிபியு நம்பர்

செற்றிங்ஸ், சிஸ்டம், அதற்குள் எபவுட். புரொசெசர் வரியில் ஐ5-8250யூ என்று இருந்தால், ஐ5 க்குப் பின்னால் வரும் 8 தான் தலைமுறை. 10 ஆம் தலைமுறையிலிருந்து முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்டெல் என்றால் 8 இலிருந்து மேலே விண்டோஸ் 11 க்குச் சரி. ஏஎம்டி என்றால் மைக்ரோசொப்ட்டின் பிசி ஹெல்த் செக் என்ற சின்னப் புரோகிராமை ஓடவிட்டுப் பாருங்கள், தலையை உடைக்கத் தேவையில்லை.

மொடல் பெயரை நம்பக்கூடாது. திங்க்பாட் டி480, எலைட்புக் 840 ஜி5, லட்டிடியூட் 7490 மூன்றையும் 8 ஆம் தலைமுறை என்றுதான் விற்பார்கள். மூன்றிலும் ஐ5-7300யூ போட்டு வந்தவையும் உண்டு, வெளியில் ஒரு வித்தியாசமும் தெரியாது. காசு கொடுக்க முதல் எபவுட் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

8 க்கு மேலிருந்தும் ஏறாது என்று காட்டினால், பெரும்பாலும் பயோஸில், அதாவது விண்டோஸுக்கு முதல் ஓடும் செற்றிங்ஸில், டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி ஓஃப்பாகக் கிடக்கும். மெஷின் ஓன் ஆகும்போதே டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, திங்க்பாடில் எஃப்1 அழுத்தி உள்ளே போய், இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்று இருப்பதை ஓன் செய்யுங்கள். அதற்கு முதல் விண்டோஸ் செற்றிங்ஸில், டிஸ்கைப் பூட்டிவைக்கும் டிவைஸ் என்கிரிப்ஷன் அல்லது பிட்லொக்கர் ஓனில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் 48 இலக்க ரிகவரி கீயைக் கொப்பியில் எழுதி வையுங்கள். அதில்லாமல் டிபிஎம்மில் கை வைத்தால், திறப்பைத் தொலைத்துவிட்டுச் சொந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டி வரும். லெகசி என்ற பழைய பூட் முறையில் பதிந்த விண்டோஸ் என்றால், 11 கேட்கும் புதிய முறையான யுஇஎஃப்ஐக்கு பயோஸில் மாற்றியதும் பூட் ஆகாது. பயப்படாமல் பழையபடி மாற்றிவிட்டு, விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி மூலம் டிஸ்கின் அமைப்பை மாற்றிய பிறகு திரும்பப் போகலாம்.

8 என்ற கோட்டில் முழு நியாயம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாலு கோர் உள்ள டெஸ்க்டொப் ஐ7-7700 விண்டோஸ் 11 க்கான பட்டியலில் இல்லை. இரண்டே கோர் உள்ள செலரோன் என்4000 இருக்கிறது. இரண்டையும் பாவித்தவருக்கு எது மெஷின் என்று தெரியும்.

எஸ்எஸ்டி: காசு போட வேண்டிய இடம்

கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். பெர்ஃபோமன்ஸில் டிஸ்குக்கு நேரே எச்டிடி என்று போட்டு, ஓன் செய்து பத்து நிமிடமாகியும் 100 வீதத்தில் நின்றால் வருத்தம் அங்கேதான். சுற்றுகிற டிஸ்கில் ஊசி ஒவ்வொரு இடமாகத் தேடிப் போக வேண்டும், செக்கனுக்கு நூறு தரம் தேடினாலே பெரிய காரியம். விண்டோஸோ ஒரே நேரத்தில் ஆயிரம் சின்னக் கோப்புகளைக் கேட்கும். எஸ்எஸ்டியில் ஊசியே இல்லை. எஸ்எஸ்டி போட்ட 4 ஆம் தலைமுறை லப்டொப், ஹார்ட் டிஸ்க்கோடு இருக்கும் 8 ஆம் தலைமுறையை முந்திவிடும்.

பழைய லப்டொப்புகளில் பெரும்பாலும் போகிறது 2.5 அங்குல, 7 மில்லிமீற்றர் தடிப்புள்ள சாட்டா எஸ்எஸ்டி. சிலதில் எம்.2 துளை இருக்கும், இங்கேதான் பிழை விடுவார்கள். எம்.2 என்பது வடிவம் மட்டும். அதற்குள் பழைய இணைப்பு முறையான சாட்டாவும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இயும் உண்டு. பல்வரிசையில் ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டு என்றால் பெரும்பாலும் சாட்டா. சாட்டா மட்டும் எடுக்கும் துளையில் என்விஎம்இ பூட்டினால், இறுகப் பொருந்தினாலும் பயோஸ் கண்டுபிடிக்காது. மொடல் நம்பரைச் சொல்லி, எது எடுக்கும் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். 240 ஜிபி வேலைக்குக் காணும், பிள்ளைகளின் படமும் வீடியோவும் இருந்தால் 480. பேர் தெரியாத 2 டிபி பென் டிரைவும் எஸ்எஸ்டியும் மலிவாக வந்தால் கிட்டவும் போக வேண்டாம். 2 டிபி என்று காட்டும், உள்ளே 64 ஜிபிதான் இருக்கும், நிரம்பியதும் பழைய கோப்புக்கு மேலேயே எழுதும். சந்தேகமென்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற புரோகிராமை ஓடவிட்டு முழுதாக எழுதிப் பாருங்கள்.

பழையதை அப்படியே குளோன் பண்ணினால் பழைய குப்பையும் கூடவே வரும், புதிதாகப் பதிவதே நல்லது. 8 ஜிபிக்குக் குறையாத பென் டிரைவில் இன்ஸ்டோலரை ஏற்றுங்கள், அதிலிருந்தவை அழிந்துபோகும். டொக்கியுமென்ட்ஸ், டெஸ்க்டொப், டவுன்லோட்ஸ் மூன்றையும், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், ஃபொன்ட் ஃபோல்டரில் உள்ள தமிழ் எழுத்துருக்களையும் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். கடைசியைத்தான் எல்லாரும் மறப்பது.

கழற்றும்போது ஒழுங்கு முக்கியம். ஷிப்டை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் அரைத்தூக்கத்தில் இருக்கும். சார்ஜரைப் பிடுங்குங்கள். ஒரு தாளில் லப்டொப்பின் அடிப்பக்கத்தைப் பருமட்டாகக் கீறி, கழற்றுகிற ஒவ்வொரு ஆணியையும் அதே இடத்தில் வையுங்கள். ஆணிகள் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் கட்டைக் குழியில் முறுக்கினால் கைவைக்கும் பக்கத்தில் புடைத்துக்கொண்டு வரும். மூடியைப் பழைய ரீலோட் கார்ட் போன்ற பிளாஸ்ரிக்கால் விளிம்பிலிருந்து நெம்புங்கள், இரும்பு வேண்டாம். உள்ளே முதல் வேலை பற்றரி கனெக்டர். வயரைப் பிடித்து இழுக்காமல், பிளக்கின் இரு பக்கத்தையும் நகத்தால் சிறிது சிறிதாக அரக்கி எடுங்கள். பிறகு பவர் பட்டனை 15 செக்கன் அழுத்திப் பிடித்தால் தங்கியிருக்கும் கரண்டும் போய்விடும். ஹார்ட் டிஸ்கைச் சுற்றி ஒரு தகரச் சட்டமோ ரப்பர் வளையமோ இருக்கும், அதைக் கழற்றி எஸ்எஸ்டிக்குப் போடுங்கள். அது இல்லாமல் பூட்டினால் எஸ்எஸ்டி ஆடி, ஒருநாள் பூட் ஆகும், ஒருநாள் ஆகாது. கடையில் "மதர்போர்ட் போயிட்டுது" என்று சொல்லப்படும் மெஷின்களில் சிலதுக்கு வருத்தம் இவ்வளவுதான்.

பதியும்போது புரொடக்ட் கீ கேட்டால் இல்லை என்று சொல்லித் தாண்டுங்கள். முன்பு முறையாக அக்டிவேட் ஆகியிருந்த விண்டோஸின் லைசன்ஸ் மதர்போர்ட்டோடு பதிவாகி இருக்கும், இன்டர்நெட் கொடுத்ததும் தானாக வரும். கிராக் போட்டு அக்டிவேட் செய்தால், பாதுகாப்புக்காகப் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு கோப்போடு போய்விடும்.

ராம் 8 ஜிபி இருக்க வேண்டும். 4 இல் குரோமில் ஐந்து டாப் திறந்தாலே மூச்சு வாங்கும். 4, 5 ஆம் தலைமுறைக்கு டிடிஆர்3எல், கடைசியில் நிற்கும் 'எல்' எழுத்தைக் கவனியுங்கள்: 1.35 வோல்ட். எல் இல்லாத 1.5 வோல்ட் துண்டைப் போட்டால் பல மெஷின் ஸ்கிரீனே வராது. 6 ஆம் தலைமுறையில் இரண்டு வகையும் உண்டு, இருக்கிற துண்டைக் கழற்றிக் கொண்டுபோய் அதையே கேளுங்கள்.

எந்த விண்டோஸ், அல்லது விண்டோஸே வேண்டாமா

8 ஆம் தலைமுறைக்குக் கீழே என்றால் மூன்று வழி. முதலாவது, மைக்ரோசொப்ட் 2026 ஒக்ரோபர் 13 வரை கொடுத்திருக்கும் விண்டோஸ் 10 பாதுகாப்பு அப்டேட் நீடிப்பு. 22எச்2 பதிப்பும் மைக்ரோசொப்ட் கணக்கும் வேண்டும். 30 டொலர், அல்லது 1,000 ரிவோர்ட்ஸ் புள்ளி, அல்லது செற்றிங்ஸை மைக்ரோசொப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்ட்ரைவில் பக்கப் எடுக்கச் சம்மதித்தால் காசில்லாமல். இதில் ஒரு கொக்கி: ஃபோல்டர்களையும் பக்கப்பில் விட்டால் இலவச 5 ஜிபி உடனே நிரம்பும், பிறகு இடம் வாங்கச் சொல்லி நச்சரிக்கும். ஃபோல்டர்களை ஓஃப் செய்து செற்றிங்ஸை மட்டும் விடுங்கள்.

இரண்டாவது, ரூஃபஸ் என்ற புரோகிராமால் நிபந்தனைகளை நீக்கி விண்டோஸ் 11 ஐ ஏற்றுவது. ஏறும், ஓடும். ஆனால் வருடாந்தப் பெரிய அப்டேட்டை நீங்களே கையால் ஏற்ற வேண்டி வரும், மைக்ரோசொப்ட் பொறுப்பெடுக்காது. வீட்டு மெஷினுக்குப் பரவாயில்லை. கடைக் கணக்கு, வங்கி அலுவல் பார்க்கிற மெஷினுக்கு எங்கள் வாக்கு இல்லை.

மூன்றாவது, விண்டோஸுக்குப் பதிலாகப் பதியும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட். 2024 இல் வந்த 22 ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு. பிரவுசர், கடிதம், சூம் வகுப்பு, படம் பார்ப்பது மட்டும் என்றால் இதுதான் எங்கள் முதல் தெரிவு. பதியாமலே பென் டிரைவிலிருந்து ஓடவிட்டுப் பார்க்கலாம். வைஃபை, சத்தம், கமரா, ஸ்கிரீன் வெளிச்சம் நான்கையும் அப்போதே பாருங்கள். புரோட்கொம் சிப் உள்ள லப்டொப்பில் வைஃபை வராமல் போவதுண்டு. ஃபோனை யுஎஸ்பியால் இணைத்து டெதரிங் கொடுத்து, டிரைவர் மனேஜரைத் திறந்தால் தேவையானதை அதுவே எடுக்கும்.

பேஜ்மேக்கரில் கல்யாண அழைப்பிதழும் நினைவு மலரும் செய்கிற அச்சகங்களுக்கு மின்ட் சரிவராது. அந்த விண்டோஸ் 10 மெஷினை இன்டர்நெட்டிலிருந்து கழற்றிவிட்டு அந்த வேலைக்கே வைத்திருங்கள். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவை வேறு மெஷினில் ஸ்கான் பண்ணிய பிறகே கொடுங்கள்.

பாமினிக் கோப்புகள்

பழைய வேர்ட் கோப்பைப் புதிய மெஷினில் திறந்தால் 'அம்மா' என்று அடித்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரிசையாக நிற்கும். கோப்பு பழுதில்லை. பாமினி ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டும் ஃபொன்ட், அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பது அப்படியே தெரியும். எடுத்து வைத்த ஃபொன்டைப் போடுங்கள், மின்ட்டிலும் இரட்டைக் கிளிக்கில் ஏறும். புதிதாக எழுதுபவற்றை யுனிகோடில் எழுதுங்கள். பாமினியில் பழகின விரலுக்கு ரெங்கநாதன் என்ற தமிழ்க் கீபோர்ட் அமைப்பு கிட்ட வரும், மின்ட்டில் ஐபஸ் என்ற தட்டச்சு வசதியோடு எம்17என் பொதியைப் போட்டால் அது பட்டியலில் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வந்தவையும் பாவித்தவையும்

லண்டன் சார்ஜரின் பிளக் இலங்கையில் சதுரத் துளையுள்ள சொக்கெட்டில் அப்படியே பொருந்தும். கனடாச் சார்ஜரில் 100-240 என்று எழுதியிருந்தால் பிளக் அடப்டர் போதும். கனடாவிலிருந்து வந்த பழைய டெஸ்க்டொப் என்றால், பின்னால் பவர் சப்ளையில் சின்னச் சிவப்புச் சுவிட்ச் 115 இல் நிற்கும். அதை 230 க்குத் தள்ளாமல் நம்முடைய கரண்டில் செருகினால் ஒரு வெடிச்சத்தமும் புகையும்தான் மிச்சம். பிரான்ஸ் லப்டொப்பில் ஏயும் கியூவும் இடம்மாறி இருக்கும், ஜேர்மன், சுவிஸ் என்றால் வையும் இசட்டும். விண்டோஸில் லேஅவுட்டை மாற்றலாம், எழுத்துக்கு மேல் ஒட்டும் ஸ்ரிக்கரும் உண்டு.

கம்பனியில் ஓடிவிட்டு வந்த லப்டொப்பில் இரண்டைப் பாருங்கள். பயோஸுக்குள் போகும்போது பாஸ்வேர்ட் கேட்கிறதா? புதிதாக விண்டோஸ் பதிந்து வைஃபை கொடுத்ததும் ஏதோ நிறுவனத்தின் பேர் போட்டு ஈமெயில் கேட்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் விலையைப் பேசவே வேண்டாம், எத்தனை தரம் அழித்துப் பதிந்தாலும் அது திரும்ப வரும். பற்றரிக்கு, கொமாண்ட் ப்ரொம்டில் பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, சாய்கோடு, பற்றரிரிப்போர்ட் என்று அடித்தால் ஓர் அறிக்கை வரும். டிசைன் கொள்ளளவு 50,000, ஃபுல் சார்ஜ் 28,000 என்றிருந்தால் புதுப் பற்றரியின் விலையையும் கூட்டிப் பேசுங்கள்.

புழுதி, உப்புக்காற்று, இடி

சுன்னாகம், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் புழுதி ஃபானுக்குப் பின்னாலுள்ள தகடுகளில் கம்பளி மாதிரி ஒட்டி வெப்பத்தை அடைக்கும். ஊதும்போது ஃபான் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்றவிட்டால் பேரிங் போகும். சிபியுவுக்கு மேல் பூசும் வெப்பப் பேஸ்ட்டை மாற்றினால் ஓர் அரிசிமணியளவு போதும். குருநகர், வல்வெட்டித்துறை மாதிரிக் கடலோர வீடுகளில் யுஎஸ்பி, எச்டிஎம்ஐ வாய்களில் பச்சை பிடிக்கும். ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட பிரஷ்ஷால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே கரண்ட் கொடுங்கள். ஒக்ரோபர், நவம்பர் பின்னேர இடிக்குச் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள், சுவிட்சை ஓஃப் பண்ணுவது போதாது.

கழற்றிய ஹார்ட் டிஸ்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், உங்கள் ஐடி கார்ட் ஸ்கானும் வீட்டுப் படங்களும் அதில்தான் இருக்கின்றன. டிஸ்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற புரோகிராமில் நீலமாகக் காட்டினால் 2.5 அங்குல யுஎஸ்பி உறையொன்றுக்குள் போட்டு, படங்களுக்கு இரண்டாவது பிரதியாக வைத்துக்கொள்ளலாம். மஞ்சள் காட்டினால் இன்றைக்கே எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்.