மும்பைக்கு வந்த முதல் வருஷம்: பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதா, வீட்டிலேயே படிக்கவைப்பதா?

முழுப்பரீட்சை முடிந்து ஏப்ரல் கடைசியில் ஊரிலிருந்து வந்து இறங்கினால், இங்கே சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பாடம் ஓடத் தொடங்கியிருக்கும். மாநில போர்டு பள்ளிகள் ஜூன் நடுவில் திறக்கும். இந்த இடைவெளியில்தான் "ஒரு வருஷம் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாமே" என்ற பேச்சு எழும். முதல் வருஷம் பள்ளிக்கே அனுப்புங்கள் என்பதுதான் எங்கள் எண்ணம். காரணம், மராத்தி.

2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மகாராஷ்டிரத்தில் எந்த போர்டானாலும் மராத்தி கட்டாயம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டும்போதே அதையும் பிடித்துக்கொள்ளும். நம் 'ள' அங்கேயும் உண்டு, அதில் தொல்லையில்லை. நம் ஒரு 'க'வுக்கு அங்கே நான்கு எழுத்து. சொல்வதெழுதுதலில் மார்க் போவது அங்கேதான். சில வருஷம் வீட்டில் படித்துவிட்டு ஏழாம் வகுப்பில் நுழையும் பிள்ளை கணக்கில் முந்தியிருந்தாலும் மராத்தித் தாளில் திணறும்.

மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளும் நடத்துகிறது. கட்டணம் கிடையாது, புத்தகம், சீருடை இலவசம். எத்தனையாம் வகுப்புவரை என்பதைச் சேர்க்கும் முன்பே கேளுங்கள். இடையில் நின்றால் அடுத்த தமிழ்வழிப் பள்ளி எங்கே என்றும் விசாரித்துவிடுங்கள்.

ஊரில் டி.சி. வாங்கும்போதே கல்வி அலுவலரின் மேலொப்பமும் வாங்கிவிடுங்கள். தமிழக அரசின் இணைய மாணவர் பதிவேடான எமிஸில் பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தார்களா என்று பாருங்கள், பிள்ளையின் நிரந்தரக் கல்வி எண்ணான பென் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பள்ளி விடுவிக்காவிட்டால் புதிய பள்ளியின் இணையப் பதிவேட்டில் பெயர் ஏறாது.

எல்லாரும் இடறும் இடம் இனிஷியல். இங்கே படிவத்தில் குடும்பப்பெயர், பிள்ளை பெயர், அப்பா பெயர் என்று மூன்று கட்டம். 'கே. நிலா' என்ற பிள்ளை பிறப்புச் சான்றிதழில் 'நிலா கே', ஆதாரில் 'நிலா குமார்' என்று இருந்தால், பத்தாம் வகுப்பில் வந்து முட்டும். முதலில் ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரே மாதிரிப் பெயருக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு படிவத்தைத் தொடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டுக்கல்விதான் என்றால்: கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமை என்கிறது, ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை எதுவும் இல்லை. அதே சட்டம் பள்ளிகளிடம் ஐந்தாம் வகுப்புவரை வருஷத்துக்கு 200 நாள், 800 மணி நேரம் பாடம் கேட்கிறது. நாளுக்கு நான்கு மணி. வீட்டில் ஒரே பிள்ளைக்கு இரண்டரை மணி நேரம் போதும். ஆனால் அந்த நேரத்தில் பெரியவர் ஒருவர் முழுசாகப் பக்கத்தில் உட்கார வேண்டும். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், சமையலுக்கு நடுவே, இது இரண்டு மாதம்கூடத் தாங்காது.

14 வயது நிரம்பியதும் தேசிய திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ்.ஸில் பத்தாம் வகுப்பு எழுதலாம். ஐந்து பாடம், அதில் தமிழையும் எடுக்கலாம். இந்த வழியின் பெரிய லாபமே அதுதான். பாடத்துக்கு 33 சதவீதம் எடுத்தால் பாஸ். ஐந்து வருஷத்துக்குள் ஒவ்வொன்றாக முடிக்கலாம். டி.எம்.ஏ. என்னும் வீட்டுப்பாடத்துக்கு 20 சதவீத மதிப்பெண் இருக்கிறது, தேதி தவறவிட்டால் அது போய்விடும். பதினொன்றில் சயின்ஸ் வேண்டுமென்றால் கணக்கையும் அறிவியலையும் விட்டுவிடாதீர்கள்.

நடுவில் பள்ளிக்குத் திரும்ப நினைத்தால், எட்டாம் வகுப்புவரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்லச் சட்டத்தில் இடமுண்டு. தேதி போட்ட நோட்டுகளை எடுத்துப்போங்கள். ஆசிரியர் முதலில் கேட்பது அதைத்தான்.