பழைய கேமில் 3டி கார்டை வேலை செய்ய வைக்கும்போது எல்லோரும் சறுக்கும் இடங்கள்

புதுக் கம்ப்யூட்டர், எட்டு ஜிபி கிராபிக்ஸ் கார்டு, எல்லாம் சரி. ஆனால் 1998-ல் வந்த ஒரு கேமைப் போட்டால் படம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, தூரத்துச் சுவர் நாம் நடக்க நடக்க மினுமினுக்கிறது, செட்டிங்கில் போய்ப் பார்த்தால் 3டி கார்டைத் தேர்ந்தெடுக்கும் வரி மங்கிப்போய்க் கிடக்கிறது. உடனே என்ன செய்கிறோம்? யூடியூபில் தேடி, முதலில் வரும் நாலு வீடியோவில் சொன்ன நாலு வைத்தியத்தையும் ஒரே மூச்சில் செய்துவிடுகிறோம். அப்புறம் கேமும் ஓடாது, எதனால் ஓடவில்லை என்பதும் கடைசிவரை தெரியாது.

முதல் தவறே அங்கேதான் இருக்கிறது: அந்த கேம் எதன் வழியாகக் கார்டைக் கூப்பிடுகிறது என்று பார்க்காமல் மருந்து தேடுவது. எந்தப் பழைய கேமும் உங்கள் கார்டை நேராகத் தொடுவதில்லை. கேமுக்கும் கார்டுக்கும் நடுவில் நிற்கும் கிளைட், டைரக்ட்3டி, ஓப்பன்ஜிஎல் என்ற இடைமுகங்களில் ஏதாவது ஒன்றைப் பெயர் சொல்லிக் கேட்கும். கேட்டது கிடைக்காவிட்டால் பல கேம்கள் வாயைத் திறக்காமல் சாஃப்ட்வேர் ரெண்டரிங்குக்குப் போய்விடும், அதாவது முழுப் படத்தையும் பிராசசரே வரையும். இன்றைய பிராசசருக்கு அது சுண்டைக்காய் வேலை என்பதால் வேகம் குறையாது, அதனால் கார்டு வேலை செய்யவில்லை என்ற சந்தேகமே நமக்கு வராது.

இந்த மூன்றில் அதிகம் பேரைக் குழப்புவது கிளைட். 1996-ல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு வந்தபோது கூடவே வந்தது அது. அந்தக் கார்டில் மொத்தமே 4 எம்பி நினைவகம், அதில் 2 எம்பி திரையில் காட்டும் படத்துக்கு, 2 எம்பி டெக்ஸ்சருக்கு, அதாவது சுவர், தரை மேல் ஒட்டும் படங்களுக்கு. சாதாரண 2டி கார்டு ஏற்கெனவே மாட்டியிருக்க வேண்டும், அதிலிருந்து ஒரு விஜிஏ கேபிள் இதற்கு வரும், இதிலிருந்து இன்னொன்று மானிட்டருக்குப் போகும். கிளைட் அந்த நிறுவனத்தின் கார்டுகளுக்கென்றே எழுதப்பட்டது. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸின் சொத்துகளை என்விடியா வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது, அதோடு கதை முடிந்தது. இன்றைக்கு என்விடியா டிரைவரிலும் கிளைட் இல்லை, ஏஎம்டி டிரைவரிலும் இல்லை, இன்டெல்லிலும் இல்லை. ஆகவே கிளைட் கேட்கும் கேமுக்கு "டிரைவரை அப்டேட் பண்ணிப் பாருங்க" என்று சொல்வது வெறும் பேச்சு. அதற்கு வேண்டியது ரேப்பர்: கேம் கேட்கும் கிளைட் கட்டளைகளை வாங்கி, இன்றைய கார்டுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் ஒரு சின்ன டிஎல்எல் (கேம் கூப்பிட்டுப் பயன்படுத்தும் துணை ஃபைல்). என்கிளைட், டிஜிவூடூ2 இரண்டும் இதைத்தான் செய்கின்றன. டிஜிவூடூ2 கூடுதலாகப் பழைய டைரக்ட்எக்ஸையும் (டைரக்ட்3டி அடங்கிய மைக்ரோசாஃப்ட் தொகுப்பு) டைரக்ட்3டி 11 அல்லது 12-க்கு மாற்றிக் கொடுக்கும்.

எதைக் கேட்கிறது என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. கேம் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். கிளைட்2எக்ஸ் என்று ஒரு டிஎல்எல் இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. அன்ரியல் டோர்னமென்ட் மாதிரி 1999 கேம்களில் இன்னும் சுலபம்: கேமின் சிஸ்டம் ஃபோல்டரில் இருக்கும் ஐஎன்ஐ என்ற செட்டிங் ஃபைலை நோட்பேடில் திறந்தால் கேம்ரெண்டர்டிவைஸ் என்று ஒரு வரி வரும், அதற்கு நேரே சாஃப்ட்டிரைவ், கிளைட்டிரைவ், டி3டிடிரைவ், ஓப்பன்ஜிஎல்டிரைவ் இவற்றில் எது இருக்கிறதோ அதுதான் இப்போது படம் வரைகிறது. சாஃப்ட்டிரைவ், அதாவது சாஃப்ட்வேர் ரெண்டரிங் என்று இருந்தால் கட்டம் கட்டமான படத்துக்குக் காரணம் அந்த ஒரு வரிதான்.

சில கேம்களில் 3டி ஆக்ஸிலரேஷனே, அதாவது கார்டைக் கொண்டு படம் வரையும் வசதியே கிடையாது. இல்லாததைத் தேடி இரவெல்லாம் உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். 1998-ல் வந்த முதல் டெல்டா ஃபோர்ஸ் மலைகளை வாக்ஸல் முறையில் (சின்னச் சின்னக் கட்டங்களாக அடுக்கி) பிராசசரைக் கொண்டே வரைந்தது, கார்டுக்கு அங்கே வேலை இல்லை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, ஸ்டார்கிராஃப்ட் இரண்டும் 256 வண்ணத்தில் ஓடும் 2டி கேம்கள். விண்டோஸ் 7-ல் இவற்றைப் போட்டால் புல்லும் தண்ணீரும் சிவப்பாகவும் ஊதாவாகவும் தெரிந்தது பலருக்கு நினைவிருக்கும். கார்டு கெட்டுப்போய்விட்டது என்று பயந்தவர்களும் உண்டு. உண்மையில் 256 வண்ணப் பட்டியலில் கேம் எழுதியதன் மேலேயே விண்டோஸும் எழுதியதால் வந்த கோளாறு அது. டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்புளோரரை மூடிவிட்டு விளையாடுவது அப்போது பிரபலமான குறுக்குவழி. இப்போது அதெல்லாம் தேவையில்லை, சிஎன்சி-டிடிரா என்ற ரேப்பர் கேம் வரைந்து முடித்த 2டி படத்தை வாங்கி ஒழுங்காகத் திரையில் காட்டிவிடும்.

சரி, ரேப்பர் எது என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சறுக்கல், டிஎல்எல்லைத் தவறான இடத்தில் போடுவது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் கைவிடுகிறார்கள்.

டிஜிவூடூ2-வை அன்ஜிப் செய்தால் 3டிஎஃப்எக்ஸ் என்று ஒரு ஃபோல்டர், எம்எஸ் என்று ஒரு ஃபோல்டர். முதலாவது கிளைட் கேம்களுக்கு, இரண்டாவது டைரக்ட்எக்ஸ் கேம்களுக்கு. உள்ளே போனால் எக்ஸ்86, எக்ஸ்64 என்று பிரிந்திருக்கும். "என்னிடம் இருப்பது 64 பிட் விண்டோஸ், அதனால் எக்ஸ்64" என்று எடுத்தால் வேலைக்கு ஆகாது. இங்கே கணக்கு விண்டோஸுடையது இல்லை, கேமுடையது, 1998-ல் வந்த கேம் 32 பிட்தான், ஆகவே எக்ஸ்86. அதை விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32-ல் இருப்பவை 64 பிட் ஃபைல்கள், 32 பிட் ஃபைல்கள் சிஸ்வாவ்64-ல் இருக்கின்றன (பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்). இரண்டிலுமே கை வைக்க வேண்டாம். கேமின் எக்ஸி ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அங்கே போடுங்கள். டெஸ்க்டாப் ஐகானை ரைட் கிளிக் செய்து ஃபைல் இருக்கும் இடத்தைத் திறந்தால் தெரிந்துவிடும். அன்ரியல் டோர்னமென்டில் எக்ஸி இருப்பது உள்ளே இருக்கும் சிஸ்டம் ஃபோல்டரில். வெளி ஃபோல்டரில் போட்டுவிட்டு "ரேப்பர் வேலை செய்யலை" என்றால் பாவம், அது என்ன செய்யும்?

இதற்கு நேரெதிரான சிக்கலும் உண்டு. என்கிளைட் தன் டிஎல்எல்களை விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளேயே இன்ஸ்டால் செய்துகொள்ளும். ஆனால் விண்டோஸ் டிஎல்எல்லை முதலில் தேடுவது எக்ஸி இருக்கும் ஃபோல்டரில். அங்கே கேமோடு வந்த 1998-ஆம் ஆண்டு கிளைட்2எக்ஸ் டிஎல்எல் அப்படியே கிடந்தால் அதைத்தான் எடுக்கும், அது நிஜ வூடூ கார்டைத் தேடும், காணோம் என்று கையை விரிக்கும். என்கிளைட் பக்கத்திலேயே சும்மா உட்கார்ந்திருக்கும். பழைய டிஎல்எல்லுக்கு வேறு பெயர் கொடுத்துவிட்டால் போதும். ஜிஎல்க்வேக்கிலும் இதே கதைதான், அதன் ஃபோல்டரில் 3டிஎஃப்எக்ஸுக்கென்று சுருக்கி எழுதிய ஓப்பன்ஜிஎல்32 டிஎல்எல் கிடந்தால் உங்கள் கார்டின் நிஜ ஓப்பன்ஜிஎல் வரைக்கும் கேம் போகவே போகாது.

ரேப்பர் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்காமல் விளையாட உட்கார்ந்துவிடுவதும் சகஜம். டிஜிவூடூவின் கண்ட்ரோல் பேனலில் டைரக்ட்எக்ஸ் பக்கத்தில் வாட்டர்மார்க் என்று ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டுவையுங்கள். கேம் திறந்ததும் திரை ஓரத்தில் அதன் பெயர் தெரிந்தால் படம் அதன் வழியாக வருகிறது. தெரியாவிட்டால் நீங்கள் மாற்றும் எந்த செட்டிங்கும் எதையும் மாற்றப்போவதில்லை. அதே பேனலில் மேலே செட்டிங் எந்த ஃபோல்டரில் சேமிக்கப்படுகிறது என்று காட்டும், அது கேம் ஃபோல்டராக இருக்கிறதா என்றும் பாருங்கள். வேறு எங்கேயோ சேமித்துவிட்டு "ரெசல்யூஷன் மாறவே மாட்டேங்குது" என்று புலம்புவது இங்கே தினப்படி நடப்பது.

அதே பக்கத்தில் வீடியோ நினைவகம் எவ்வளவு என்று கேட்கும். நம்மாள் இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தேர்ந்தெடுப்பார். வேண்டாம். பழைய கேம்கள் நினைவக அளவை 32 பிட் எண்ணாக, அதுவும் மைனஸும் வரக்கூடிய எண்ணாக வைத்திருப்பது உண்டு. 2 ஜிபியைத் தாண்டினால் அந்தக் கணக்கு சுற்றிக்கொண்டு மைனஸில் போய் நிற்கும், எட்டு ஜிபி கார்டைப் பார்த்து "போதுமான வீடியோ நினைவகம் இல்லை" என்று கேம் சொல்லும். ஜிடிஏ 3, வைஸ் சிட்டியில் இந்த வகைச் செய்தியைப் பார்த்துவிட்டு புதுக் கார்டு வாங்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. 128 அல்லது 256 எம்பி வைத்தால் அந்தக் காலத்துக் கேம் எதற்கும் தாராளம்.

அடுத்தது, வைத்தியங்களைக் கலப்பது. ரேப்பர் போட்டாயிற்று, கூடவே எக்ஸியின் பிராப்பர்ட்டீஸில் விண்டோஸ் 98 கம்பேட்டிபிலிட்டி மோட், 256 வண்ணம், 640 x 480 எல்லாவற்றுக்கும் டிக். அந்த மோட் போட்டால் விண்டோஸ் தன் பங்குக்கு நடுவில் புகுந்து டைரக்ட்எக்ஸின் 2டி பகுதியான டிடிராவை (டைரக்ட்டிரா) வேறு விதமாகக் கையாளும், அது ரேப்பரோடு மோதும். ரேப்பர் போட்டால் அந்த டிக்குகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். அதே மாதிரி ரசிகர்கள் போட்ட பேட்ச் ஒன்று சொந்தமாக டிடிரா டிஎல்எல் கொண்டுவந்திருந்தால், அதே பெயரில் இன்னொன்றை மேலே காப்பி செய்யாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது, சரிவரவில்லையா, அதை எடுத்துவிட்டு அடுத்தது.

"டைரக்ட்பிளேயை ஆன் பண்ணுங்க" என்ற அறிவுரையும் எல்லா இடத்திலும் வரும். அது நெட்வொர்க்கில் சேர்ந்து விளையாடுவதற்கான பகுதி. சில கேம்கள் அது இல்லாமல் திறக்கவே திறக்காது என்பது உண்மை, ஆனால் படத்தின் தரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இன்னொன்று, டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கும் டிஎல்எல் காணோம் என்று வந்தால் அந்த ஒற்றை ஃபைலை ஏதாவது டிஎல்எல் டவுன்லோட் தளத்தில் தேடி இறக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் 2010 ஜூன் டைரக்ட்எக்ஸ் தொகுப்பை இன்ஸ்டால் செய்தால் எல்லாம் சேர்ந்து வந்துவிடும். அது உங்கள் டைரக்ட்எக்ஸ் 12-ஐ அழித்துப் பழையதாக்கிவிடாது, விடுபட்ட பழைய ஃபைல்களை மட்டும் பக்கத்தில் சேர்க்கும்.

டாஸ் கேம்களின் கதை வேறு. டாஸ் கேம்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் டாஸ்பாக்ஸின் கான்ஃபிக் ஃபைலில் அவுட்புட் என்ற இடத்தில் ஓப்பன்ஜிஎல் என்று மாற்றிவிட்டு, டோம்ப் ரைடருக்கு 3டி கார்டு கிடைத்துவிட்டது என்று நம்புபவர்கள் நிறைய. அந்த வரி, கேம் வரைந்து முடித்த படத்தை எப்படிப் பெரிதாக்கித் திரையில் காட்டுவது என்பதற்கு மட்டும்தான். உள்ளே கேம் இன்னும் பிராசசரில்தான் வரைந்துகொண்டிருக்கும். அதில் நிஜமாகவே வூடூ வேண்டுமென்றால் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் மாதிரி வூடூவைப் போல நடிக்கும் பதிப்பு வேண்டும், கேமின் 3டிஎஃப்எக்ஸ் எக்ஸியும் வேண்டும். அதே டாஸ்பாக்ஸ்-எக்ஸில் கிளைட் கட்டளைகளை வெளியே இருக்கும் ரேப்பருக்கு அனுப்பும் வழியும் உண்டு, ஆனால் இரண்டு வழிக்கும் வேண்டிய கிளைட்2எக்ஸ் ஓவிஎல் ஃபைல் வேறு வேறு. ஒன்றுக்கானதை இன்னொன்றுக்குப் போட்டால் கருப்புத் திரைதான்.

விண்டோஸ் எக்ஸ்பியை விர்ச்சுவல்பாக்ஸில் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) போட்டு விளையாடலாம் என்று கிளம்புபவர்களுக்கு ஒரு வார்த்தை: 6.1 பதிப்பிலிருந்து எக்ஸ்பிக்கு அதில் 3டி கிடையாது.

க்வேக் 3 இன்ஜினில் எழுதப்பட்ட கேம்கள் சில, ஓப்பன்ஜிஎல் எல்லாம் இருந்தும் திறந்த உடனே விழுந்துவிடும். காரணம் வேடிக்கையானது. கேம் தொடங்கும்போது "உனக்கு என்னென்ன வசதி தெரியும்?" என்று டிரைவரைக் கேட்கும், டிரைவர் ஒரு நீளமான பட்டியலைத் திருப்பிக் கொடுக்கும். 1999-ல் அந்தப் பட்டியல் சிறியது, அதற்கேற்ற இடத்தை ஒதுக்கினார்கள். இன்றைய கார்டின் பட்டியல் அந்த இடத்தில் அடங்காமல் வழிந்து பக்கத்து நினைவகத்தை மிதிக்கிறது. இதற்கு டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது வீண். லினக்ஸில் மெசா என்ற திறந்த மூல கிராபிக்ஸ் டிரைவர் என்றால் பட்டியலை 2003-ஆம் ஆண்டோடு நிறுத்து என்று ஒரு சூழல் மாறி (என்விரான்மென்ட் வேரியபிள்) வழியாகச் சொல்லலாம். க்வேக் 3-க்கே என்றால் அதுவும் வேண்டாம். 2005-ல் அதன் மூலநிரல் வெளியானது, அதிலிருந்து வந்த ஐஓக்வேக்3 இருக்கும்போது பழைய எக்ஸியோடு மல்லுக்கட்டுவது எனக்குப் புரியாத விஷயம்.

கேம் திறக்கவே இல்லை என்றால் கார்டைத் திட்டுவதற்கு முன் சிடி பாதுகாப்பைச் சந்தேகியுங்கள். சேஃப்டிஸ்க் போட்ட ஒரிஜினல் சிடிகள் விண்டோஸ் 10-ல் ஓடாது, அதற்கு வேண்டிய டிரைவரை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. ஐஎன்ஐ ஃபைலில் மாற்றியது கேமில் தெரியவில்லை என்றால் கேம் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள், அங்கே எழுத அனுமதி இல்லாததால் விண்டோஸ் யூசர் ஃபோல்டருக்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்தில் இன்னொரு நகல் வைத்து, கேமுக்கு அதைக் காட்டிக்கொண்டிருக்கும். பழைய கேம்களுக்கென்று சி டிரைவில் தனியாக ஒரு ஃபோல்டர் போட்டுக்கொள்வது நல்லது.

எல்லாம் ஓடியபின் செய்யும் தவறு ஒன்று பாக்கி இருக்கிறது. டிரைவர் கண்ட்ரோல் பேனலில் ஆன்டிஅலியாஸிங் (ஓரங்களை வழுவழுப்பாக்குவது), டெக்ஸ்சர் வடிகட்டல் எல்லாவற்றையும் எல்லா கேமுக்கும் கட்டாயமாக்கிவிடுவார்கள், அப்புறம் எழுத்துகளைச் சுற்றிக் கோடு கோடாக வரும். அந்த வேலையை ரேப்பரின் பேனலில், அந்த கேமுக்கு மட்டும் செய்யுங்கள். வினாடிக்கு எத்தனை ஃப்ரேம் வரலாம் என்று கட்டுப்படுத்தும் ஃப்ரேம் லிமிட்டரையும் சும்மா விட்டுவிடுங்கள். வைஸ் சிட்டியில் அதை எடுத்துவிட்டால் நூற்றுக்கணக்கில் ஃப்ரேம் வரும், பார்க்கவும் வழுவழுப்பாக இருக்கும், ஆனால் வண்டியை ரிவர்ஸ் எடுத்தால்தான் கோளாறு தெரியும். அந்த கேமின் இயக்கக் கணக்கு 30 ஃப்ரேமை மனதில் வைத்துப் போட்டது.