நாணயத்தின் தரத்தை நீங்களே பார்ப்பது எப்படி, சிலாப்புக்கு அனுப்புவது எப்போது: யாழ்ப்பாணத்துச் சேகரிப்பாளருக்கான செய்முறை

புதிதாக நாணயம் சேர்க்கத் தொடங்குபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இதை அமெரிக்காவுக்கு அனுப்பித் தரம் போடுவிக்கலாமா?" என்பதையே. வீட்டு அலுமாரியின் மூலையில் இருந்த பிஸ்கட் பேணிக்குள் அம்மப்பா காலத்துச் சதங்களும், ஒன்றிரண்டு இந்திய வெள்ளி ரூபாய்களும், அபூர்வமாக ஒரு சேதுக் காசும் இருக்கும். இணையத்தில் இதே வகை நாணயம் தடித்த பிளாஸ்ரிக் பேழைக்குள் பெரிய விலையுடன் காட்டப்படுவதைக் கண்டதும் இந்தக் கேள்வி எழுகிறது. பேணியில் இருப்பவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பேழை தேவையில்லை என்பதும், சிலவற்றை அனுப்பவே கூடாது என்பதும் என் உறுதியான கருத்து. எவை அந்தச் சில என்பதைப் பிரித்தறியும் பழக்கம் முதலில் வர வேண்டும். என்னிடமுள்ள நாணயங்களை நான் எந்த ஒழுங்கில் பிரித்தேனோ அதே ஒழுங்கைக் கீழே தருகிறேன்.

பின்னணி, சுருக்கமாக

1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்காவின் பழைய பெரிய செப்புச் சதங்களுக்காக 1 முதல் 70 வரையான அளவுகோல் ஒன்றை வகுத்தார். இன்று உலகெங்கும் வழங்குவது அதிலிருந்து வளர்ந்த அளவுகோலே. 60உம் அதற்கு மேற்பட்டவையும் புழக்கத்துக்கே போகாத நாணயங்கள். 50 முதல் 58 வரை மிகச் சிறிதளவு தேய்ந்தவை. அதற்குக் கீழே தேய்வு கூடக்கூட எண் குறையும். 1986இல் தரப்படுத்தத் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., 1987இல் தொடங்கிய என்.ஜி.சி. ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்களும் நாணயத்தைச் சோதித்து, எண் இட்டு, ஒட்டி மூடிய பேழைக்குள் அடைத்துத் தருகின்றன. அந்தப் பேழையையே சிலாப் என்கிறோம்.

படி 1: முதலில் ஆண்டைப் பாருங்கள்

பிற வழிகாட்டிகள் இந்தப் படியைச் சொல்வதில்லை, ஏனெனில் அவை இலங்கையில் இருப்பவருக்காக எழுதப்பட்டவை அல்ல. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட நாணயங்கள் தொல்பொருட்களுள் அடங்கும். அவற்றை அனுமதிப்பத்திரம் இன்றி நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. தரம் போடுவித்துத் திரும்பப் பெறுவதற்காக அனுப்பினாலும் அது ஏற்றுமதியே.

ஆகவே பேணியைக் கொட்டியதும் இரண்டு குவியலாகப் பிரியுங்கள். ஒரு பக்கத்தில் நின்ற மனித உருவமும் மறுபக்கத்தில் படுத்த நந்தியும் அதன் கீழே "சேது" என்ற தமிழ் எழுத்துகளும் கொண்ட யாழ்ப்பாண அரசர்களான ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்துச் செப்புக்காசுகள் (சேதுக் காசு என்பது இவையே), நாகரி எழுத்தில் "ஸ்ரீ ராஜராஜ" என்று பொறித்த சோழர் காசுகள், ஒல்லாந்தக் கம்பனியின் வி.ஓ.சி. முத்திரை கொண்ட காசுகள், 1802ஆம் ஆண்டு பொறித்த ஆங்கிலேயரின் யானைக் காசுகள் ஆகிய அனைத்தும் முதற் குவியலுக்குரியவை. அவை இங்கேயே இருக்க வேண்டியவை. 1870ஆம் ஆண்டின் விக்ரோறியா செப்புச் சதங்கள், 1892 முதல் வந்த வெள்ளிச் சதங்கள், பின்னர் வந்த மன்னர்களின் நாணயங்கள், 1815க்குப் பிற்பட்ட இந்திய ரூபாய்கள் ஆகியன இரண்டாவது குவியல். சிலாப் பற்றிய விவாதம் முழுவதும் இந்த இரண்டாவது குவியலைப் பற்றியதே.

முதற் குவியலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டம் கொத்தும்போதோ கிணறு வெட்டும்போதோ புதிதாகக் கண்டெடுக்கப்படும் தொல்பொருள் அரசுக்குரியது. அதை அறிவிக்கும் கடமை கண்டெடுத்தவருக்கு உண்டு. கந்தரோடையில் கிடைத்த பழங்காசுகள் யாழ்ப்பாணத்தின் ஆதிகால வணிகத்தைப் பற்றி இன்றும் பேசுவது, அவை எங்கே கிடைத்தன என்பது பதிவாகியிருப்பதால்தான். கிடைத்த இடம் தெரியாத சேதுக் காசு அழகாக இருக்கலாம். வரலாற்று ஆய்வாளருக்கு அது பாதிச் சான்றே. உங்கள் குடும்பத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் காசானால், அது எந்த ஊரிலிருந்து, யாரிடமிருந்து வந்தது என்பதை வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

படி 2: கருவிகள்

வேண்டியவை நான்கு. கிராமின் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு. விட்டமும் தடிப்பும் அளக்கும் கலிப்பர். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்காரரின் லூப். கழுத்தை வளைக்கக்கூடிய ஒற்றை மின்விளக்கு. கைத்தொலைபேசியுடன் பொருத்தும் நுண்ணோக்கிகளை நான் விரும்புவதில்லை. அவற்றினூடாகப் பார்த்தால் நல்ல நாணயம்கூடக் காயம் நிறைந்ததாகத் தோன்றும். தரம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் வெறுங்கண்ணாலும் குறைந்த உருப்பெருக்கத்தாலுமே முடிவு செய்கிறார்கள். கூரையில் எரியும் குழல்விளக்கும் உதவாது. பரந்த ஒளியில் நாணயத்தின் மினுக்கம் தெரிவதில்லை.

படி 3: கழுவாதீர்கள்

எங்கள் வீடுகளில் குத்துவிளக்கைப் பழப்புளியும் சாம்பலும் போட்டுத் துலக்குவது வழக்கம். அதே கைப்பழக்கம் செப்புக் காசுக்குப் போனால் அதன் பெறுமதி அங்கேயே போய்விடும். புளியின் அமிலம் செம்பின் மேற்பரப்பைக் கரைக்கிறது. சாம்பல் அதில் மயிர்போன்ற கீறல்களை இடுகிறது. நூறு ஆண்டுகளாகப் படிந்து உலோகத்தைக் காத்த கபில நிறப் படலம் நீங்கிவிடுகிறது. இப்படித் துலக்கப்பட்ட நாணயத்துக்குத் தரப்படுத்தும் நிறுவனங்கள் எண் தருவதில்லை. "துலக்கப்பட்டது" என்ற குறிப்புடன் மட்டுமே அடைத்துத் தருகின்றன. அனுப்பிய கட்டணம் அத்தனையும் அந்தக் குறிப்புக்காகச் செலவாகிவிடும்.

எண்ணெய்ப் பிசுக்கோ, பழைய பி.வி.சி. உறையிலிருந்து ஒட்டிய பச்சைப் பசையோ இருந்தால் தூய அசிற்றோனில் சிறிது நேரம் ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்து உலர விடலாம். நகப்பூச்சு நீக்கியில் வேறு பொருட்களும் கலந்திருக்கும், அதைப் பயன்படுத்த வேண்டாம். அசிற்றோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் சமையலறையில் இதைச் செய்யாதீர்கள். மண் ஒட்டியிருந்தால் கிணற்றுநீரில் அலச வேண்டாம். எங்கள் சுண்ணக்கல் நிலத்து நீரில் சுண்ணாம்பும் பல இடங்களில் உப்பும் உண்டு, காய்ந்ததும் அவை காசின் மேலேயே தங்கும். வடித்த நீரை மட்டும் பயன்படுத்துங்கள்.

படி 4: நிறையும் அடர்த்தியும்

வெள்ளி ரூபாய்களில் போலிகள் மிகுதி என்பதால் இதைத் தவிர்க்கவே கூடாது. ஆங்கிலேயர் காலத்து இந்திய வெள்ளி ரூபாயின் நிறை 11.66 கிராம், 1939 வரை பொறிக்கப்பட்டவற்றில் வெள்ளி 91.7 சதவீதம். இந்தக் கலப்புலோகத்தின் அடர்த்தி ஏறத்தாழ 10.3.

ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் எடுத்துத் தராசின் மேல் வைத்து, அளவைப் பூச்சியமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நைலோன் நூலில் கட்டி, நீருக்குள் முழுவதும் மூழ்கும்படி, ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது நாணயம் இடம்பெயர்த்த நீரின் நிறை. நாணயத்தின் நிறையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். நல்ல ரூபாயானால் தராசு 1.13 அளவில் நிற்கும். செம்பும் நிக்கலும் கலந்து அதே நிறையில் செய்த போலி 1.3ஐ அண்மிக்கும்.

தொடங்குபவர்கள் பெரிதும் குழம்பும் இடம் இதுவே, காரணங்கள் மூன்று. நாணயம் அடியைத் தொட்டால் அதன் நிறையும் சேர்ந்துவிடும். எழுத்துகளின் இடுக்கில் காற்றுக்குமிழிகள் ஒட்டியிருந்தால் இடம்பெயர்ந்த நீர் கூடுதலாகத் தெரியும், நல்ல நாணயமே போலி எனத் தோன்றும். ஆகையால் முதலில் நாணயத்தை நீரில் நனைத்து, மெல்ல அசைத்துக் குமிழிகளை வெளியேற்றிய பிறகே அளக்க வேண்டும். மூன்றாவது மின்விசிறி. அதை நிறுத்தாமல் இந்தத் தராசுகளில் இரண்டாம் தசம இலக்கத்தை நம்ப முடியாது. சிறிய செப்புக் காசுகளுக்கு இந்த முறை பயன் தராது, ஏனெனில் இடம்பெயரும் நீர் அவ்வளவு குறைவு. தராசின் சிறு பிழையே முடிவை மாற்றிவிடும்.

பவுண் காசையோ ரூபாயையோ மாலையில் கோப்பதற்காகப் பத்தரிடம் கொடுத்துக் கொளுக்கி வைத்துப் பின்னர் கழற்றியிருக்கிறார்களா என்பதையும் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். பற்றாசு வைத்த இடம் நிறம் மாறியோ அரத்தால் அராவப்பட்டோ இருக்கும். அதுவும் எண் கிடைக்காத நாணயமே.

படி 5: விளக்கின் கீழே தரம் பார்த்தல்

அறையின் மற்ற விளக்குகளை அணைத்து, ஒற்றை விளக்கை நாணயத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடித்து மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். அச்சு அழுத்தப்பட்டபோது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடியதால் ஏற்பட்ட மிக நுண்ணிய கோடுகளில் ஒளி தெறித்து, வண்டிச் சில்லின் ஆரக்கால்கள் போலச் சுழலும். புழங்காத நாணயத்தில் இந்த மினுக்கம் தலைமயிரின் மேலும் கன்னத்தின் மேலும் தடையின்றி ஓடும். சிறிது புழங்கியதில் மேடான இடங்களை அடையும்போது ஒளி அறுபட்டு, மங்கிய திட்டு ஒன்று தெரியும்.

விக்ரோறியா சதத்தில் காதுக்கு மேலுள்ள மயிர், தலையணியின் விளிம்பு, கன்னம் ஆகிய இடங்களையும், ஆறாம் ஜோர்ஜ் நாணயங்களில் புருவத்தையும் காதையும் பாருங்கள். இங்கே ஒரு பெரிய சிக்கல் உண்டு. மயிரிழைகள் தெளிவாக இல்லை என்றதும் தேய்ந்துவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது. அச்சு முழு வலுவுடன் விழாமல் போனாலும் அந்த இடம் மழுங்கியே இருக்கும். பிரித்தறியும் வழி மினுக்கம்தான். மழுங்கிய இடத்தின் மேலும் மினுக்கம் ஓடினால் அது அச்சின் குறை. ஓடாமல் நின்றால் தேய்வு. இந்த ஒரு வேறுபாட்டைக் கண் பழகுவதற்கு, ஒரே ஆண்டின் மலிவான நாணயங்கள் சிலவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல இரவுகள் பார்க்க வேண்டியிருக்கும். வேறு எந்தச் செலவையும் விட இந்த நேரச் செலவே கூடிய பயன் தரும்.

துலக்கிய நாணயம் இதே விளக்கில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஒரே திசையில் செல்லும் மயிரிழைக் கீறல்கள், எழுத்துகளைச் சுற்றி மட்டும் எஞ்சிய கருமை, பழைய செம்பில் இருக்க முடியாத இளஞ்சிவப்பு நிறம் ஆகியவை அதன் அடையாளங்கள்.

படி 6: அனுப்புவதா, வேண்டாமா

சிலாப்பின் பக்கம் நியாயம் உண்டு. வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் காணாத வணிகத்தில் மூன்றாமவர் ஒருவரின் சான்று நம்பிக்கை தருகிறது. போலிகள் மலிந்த வகைகளில் அது மிகவும் மதிப்புள்ளது. கை படாமலும் காக்கிறது. எதிர்ப்பக்கத்திலும் நியாயம் உண்டு. எண் என்பது சிலரின் கருத்தே. ஒரே நாணயத்தைப் பேழையை உடைத்து மீண்டும் அனுப்பினால் வேறு எண் வருவதுண்டு, கூடிய எண் வரும்வரை அப்படி அனுப்பிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. 65க்கும் 66க்கும் இடையில் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டுக்கு விலை பன்மடங்காவதுண்டு. பேழைக்குள் போனபின் நிறுக்க முடியாது, அடர்த்தி பார்க்க முடியாது, விளிம்பை முழுமையாகக் காண முடியாது.

என் அளவுகோல் இது: நாணயம் இரண்டாவது குவியலைச் சேர்ந்ததாக, துலக்கப்படாததாக, உங்கள் கண்ணுக்கு 60க்கு மேற்பட்டதாக அல்லது போலி அதிகமுள்ள அரிய ஆண்டாக இருக்க வேண்டும். அத்துடன் அதே நாணயம் பேழையோடும் பேழையின்றியும் விற்கப்பட்ட விலைகளை ஒப்பிட்டால், அந்த வேறுபாடு கட்டணம், இருவழி அஞ்சல், காப்புறுதி, சுங்கம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையைப் போல் இரு மடங்காவது இருக்க வேண்டும். விற்கும் எண்ணமே இல்லாதவருக்கு இந்தக் கணக்கும் தேவையில்லை; அவர் அனுப்ப வேண்டியதில்லை.

சேதுக் காசுக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்தாலும் நான் சிலாப்பை விரும்பமாட்டேன். கையால் அடித்த காசில் அச்சு மையம் விலகுவதும், வட்டம் ஒழுங்கற்றிருப்பதும் இயல்பு. அதைப் படிப்பதற்கு நிறையும் விளிம்பும் தடிப்பும் வேண்டும். அவற்றை மூடிவிட்டு மேலே ஓர் எண்ணை ஒட்டுவது அந்தக் காசுக்குச் செய்யும் அநீதி.

படி 7: சேமிப்பு

மென்மையான, மணமுள்ள பிளாஸ்ரிக் உறைகள் பெரும்பாலும் பி.வி.சி.; அவை வேண்டாம். மைலார் என்னும் பொலியெஸ்ரர் தாளாலான உறை அல்லது மைலார் சாளரம் வைத்த அட்டை நல்லது. காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வைத்து, ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கும் முன் பொதிகளைச் சூடாக்கி உலர்த்துங்கள். ஒவ்வோர் உறைக்கும் ஓர் எண், ஒரு பதிவேட்டில் நிறை, விட்டம், கிடைத்த வழி, இரு பக்கப் படங்கள்.

பின்னர் சேர்த்தவை

வாசித்தவர்களில் சிலர் செப்புக் காசில் தோன்றும் பச்சை பற்றிக் கேட்டிருந்தார்கள். கடினமாக, கரும்பச்சையாக, துடைத்தால் போகாமல் இருப்பது நிலைத்த படலம். அதைத் தொட வேண்டாம். வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்து, துடைத்தபின் மீண்டும் வருவது குளோரைட்டு அரிப்பு. கடற்கரையை அண்டிய ஊர்களில் இது அதிகம், ஏனெனில் உப்பிலுள்ள குளோரைட்டு ஈரத்துடனும் ஒட்சிசனுடனும் சேர்ந்து அமிலத்தை உண்டாக்கிச் செம்பை மேலும் அரிக்கிறது. அத்தகைய காசை உடனே வேறாக்கி உலர் பெட்டியில் வையுங்கள். பழமையான காசானால் மேற்கொண்டு செய்வதை நூதனசாலைப் பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

சிலாப்பில் இருக்கும் நாணயத்தை வாங்குவோருக்கு: பேழையையும் போலியாகச் செய்கிறார்கள். சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் இட்டு, அங்கே படம் இருந்தால் அதை உங்கள் கையிலுள்ளதுடன் கீறலுக்குக் கீறல் ஒப்பிடுங்கள். பேழைகள் முற்றாகக் காற்றுப்புகாதவையும் அல்ல. எனவே சிலாப்பிலுள்ள வெள்ளியையும் சிலிக்கா ஜெல் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.