பல் கிளினிக் செலவைக் குறைக்க முதலில் அலமாரியைத் திறங்கள்

குமரி மாவட்டம் கருங்கலில் எங்களுடையது இரண்டு சேர் போட்ட சின்னக் கிளினிக். மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காததற்கு வாடகையையும் கரண்ட் பில்லையும்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து ஸ்டாக் அலமாரியைக் காலி செய்தபோதுதான் புத்தி வந்தது. தேதி முடிந்த காம்போசிட் (பல் நிறத்தில் அடைக்கும் பசை) சிரிஞ்சுகள் மட்டும் 11. அதில் 9 பிரிக்கவே இல்லை, எல்லாம் பி, சி ஷேடுகள், அதாவது பல் நிற வகைகள். கிட்டாக வாங்கினால் லாபம் என்று டீலர் சொன்னதில் மயங்கி வாங்கியவை. என்னிடம் ஓடுவது ஏ2, ஏ3, ஏ3.5 தான். இப்போது அந்த மூன்றையும் தனிச் சிரிஞ்சாக வாங்குகிறேன். மற்ற ஷேடு தேவைப்பட்டால் அன்றைக்குச் சொல்லி வரவழைக்கிறேன்.

நீங்களும் அலமாரியிலிருந்தே தொடங்குங்கள். ஒவ்வொரு டப்பாவின் முகப்பிலும் காலாவதி மாதத்தை மார்க்கரில் பெரிதாக எழுதி, சீக்கிரம் முடிவதை முன்னால் வையுங்கள்.

அடுத்தது ஈரம். நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. பல் அளவெடுக்கும் ஆல்ஜினேட் பொடிப் பாக்கெட்டை வெட்டி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால் பொடி ஈரம் இழுத்துக் கெட்டுப்போகும். அளவெடுத்த அச்சு கிழிந்து வரும். ஒரே நோயாளிக்கு மூன்று தடவை அளவெடுத்தால் போவது பொடி மட்டுமா? வெட்டியதும் இறுக்கமான டப்பாவில் கொட்டுங்கள். அந்த அச்சில் மாடல் வார்க்கும் ஸ்டோன் பொடிக்கும் இதேதான்.

அதே ஈரம்தான் கம்ப்ரஸர் டேங்கிலும் தண்ணீராகச் சேர்கிறது. நான் பல வருஷம் அதைக் கவனிக்கவில்லை. காற்றில் சுழன்று பல்லைத் துளைக்கும் ஹேண்ட்பீஸான ஏரோட்டர் அடிக்கடி பழுதாகிறதே என்று கம்பெனியை மாற்றி மாற்றி வாங்கினேன். சர்வீஸுக்கு வந்த பையன் குனிந்து, டேங்க் அடியில் இருந்த சின்ன வால்வைத் திருகினான். புஸ்ஸென்று காற்று, பின்னாலேயே துருநிறத் தண்ணீர். பக்கெட்டில் நாலு விரல் உயரம் நின்றது. "டாக்டரே, இந்தத் தண்ணிதான் உங்க ஹேண்ட்பீஸுக்குள்ள போகுது" என்றான். அன்றிலிருந்து தினமும் கடை அடைக்கும்முன் அந்த வால்வைத் திறப்பது எங்கள் அசிஸ்டென்ட் வேலை. நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கும்முன் ஏரோட்டரைத் துடைத்து, எண்ணெய் ஸ்ப்ரே அடித்து, 20, 30 விநாடி ஓடவிட வேண்டும். எண்ணெய் இல்லாமல் வேகவைத்தால் பேரிங் போச்சு.

ஆட்டோகிளேவை அரை டிரேக்கு ஓட்டாதீர்கள். ஆனால் இடம் மிச்சம் என்று திணிக்கவும் கூடாது, நீராவி உள்ளே போகாது. டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீரின் உப்பு படிந்து ஹீட்டர் காயிலை மாற்றிய அனுபவம் எனக்கு உண்டு. கிளவுஸ், ஊசி, எச்சில் உறிஞ்சும் சக்ஷன் டிப் பக்கம் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

கடைசியாக, காலிச் சேர். ஆள் வராவிட்டாலும் சம்பளமும் ஏசியும் ஓடும். முந்தின நாள் மாலை அசிஸ்டென்ட் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "நாளைக்கு பத்தரைக்கு வருவீங்கல்லா?" என்று கேட்கிறாள். வராதவர் அப்போதே சொல்லிவிடுவார், அந்த நேரத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாம். கல்ஃபிலிருந்து லீவில் வருகிறவர்களுக்கு டிசம்பரில் இரண்டு வாரத்தில் பல்லுக்குக் கேப் (உறை) மாட்டி முடிக்க வேண்டும். அவர்களுக்கு நாள் ஒதுக்கிய பிறகே அந்த மாதத்துக்கான சாமான் ஆர்டரை எழுதுகிறேன்.